கழுத்துப் பொத்தான்

அந்த வீட்டு கேட்டில் ஓர் அட்டை தொங்கியது: 'வீடு காலி செய்கிறோம். வேண்டியதை எடுத்துக்கொள்ளலாம். விலை பேசிக்கொள்ளலாம்.' முதல் நாள் மாலை வேலை முடிந்து பஸ்ஸில் வரும்போதே சல்லிசக்கா அதைப் பார்த்துவிட்டாள். மறுநாள் சனிக்கிழமை. காலையிலேயே இரண்டு பெரிய பைகளோடு அங்கே போய் நின்றாள்.

பல் டாக்டர் ஒருவரின் கிளினிக்கில் வரவேற்பு மேசை வேலை அவளுக்கு. வீட்டில் எந்தப் பொருளை யார் பாராட்டினாலும் "சல்லிசா கிடைச்சுது" என்பாள். தெருக்காரர்கள் அதையே பெயராக வைத்துவிட்டார்கள். கைப்பிடி போன வாணலி, கால் ஆடும் நாற்காலி, விளிம்பு தெறித்த ஜாடி, எதுவானாலும் தேய்த்து ஒட்டிப் புதிதாக்கிவிடுவாள். கணவன் தொலைதூர லாரி ஓட்டுகிறவன். மாதத்தில் நாலைந்து நாள் வீடு தங்கினால் அதிகம். மற்ற நாட்களில் அவளும் ஏழு வயது மகள் குட்டியும்தான். பொழுது போகாமல் தொடங்கிய பழக்கம், இப்போது அவளுக்கு அதை விட்டால் வேறு பொழுதே இல்லை.

துணைக்கு அண்ணி வந்திருந்தாள். பின் தெருவில் இருக்கும் அண்ணனின் மனைவி. பேரம் பேச அண்ணியை விட்டால் ஆள் கிடையாது.

வீட்டுக்காரர் கேட்டுக்கு வெளியே ஒரு ஸ்டூல் போட்டு வெயிலில் உட்கார்ந்திருந்தார். ஐம்பது வயதிருக்கும். வெளுத்துப்போன ஒரு வட்டக்கழுத்து டி-ஷர்ட்.

"உள்ளே போய்ப் பாருங்க. பிடிச்சதைத் தூக்கிட்டு வந்து காட்டுங்க."

"மேசை ஏதாவது எடுத்தா ஒரு கை பிடிப்பீங்களா?" என்றாள் அண்ணி.

"நான் உள்ளே வர்றதில்லை."

தன் வீட்டுக்குள் தானே போவதில்லை என்பதை, மழை வரும்போல இருக்கிறது என்று சொல்வதுபோலச் சொன்னார்.

உள்ளே எல்லா ஜன்னல்களும் தாழிடப்பட்டிருந்தன. அந்துருண்டை வாடை மூக்கைத் துளைத்தது. அதற்கு அடியில் இன்னொரு வாடை, நனைந்த கம்பளியைச் சுருட்டி வைத்து மறந்துபோனால் வருமே, அது. அண்ணி சமையலறைப் பக்கம் போனாள். சல்லிசக்கா கடைசி அறைக்குள் நுழைந்தாள்.

அந்த அறையில் ஓர் அலமாரி மட்டும்தான் இருந்தது. கறுத்த மரம், ஆள் உயரம். திறந்தால் தட்டு ஒன்றுகூடக் கிடையாது, ஒரு வெறும் கூடு. கதவின் உட்புறத்தில், அவள் இடுப்பு உயரத்துக்குக் கீழே, மரம் முழுக்கக் கீறல். பூனை வளர்த்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டாள். கீழே ஓர் இழுப்பறை. அதற்குள் நாடா போட்டுக் கட்டிய பிஸ்கட் டப்பா ஒன்று.

திறந்தாள். விளிம்பு வரை பொத்தான்கள்.

சிப்பிப் பொத்தான், கொம்புப் பொத்தான், மர உருண்டை, குழந்தை உடுப்பில் வைக்கும் சின்னப் பூப்பொத்தான். விரல்களை உள்ளே விட்டு அளைந்தாள். ஆற்று மணலில் கை விட்டதுபோல் சில்லென்று இருந்தது. குட்டிக்கு வாங்கிய பழைய பழுப்பு ஸ்வெட்டரில் ஒரு பொத்தான்கூட இல்லை என்பது ஞாபகம் வந்தது. சில பொத்தான்களில் நூலோடு துணித் துண்டும் ஒட்டியிருந்தது. பொத்தானைப் பிரித்தெடுக்கப் பொறுமை இல்லாத யாரோ, சட்டையையே சுற்றி வெட்டியிருந்தார்கள்.

அண்ணி வாசலில் வந்து நின்றாள். "அவர்கிட்ட கேட்டுட்டு எடு."

"கேட்டா யோசிப்பார். யோசிச்சா தரமாட்டார்." சல்லிசக்கா டப்பாவைப் பையின் அடியில் வைத்து மேலே பீங்கான் தட்டுகளை அடுக்கினாள்.

கேட்டருகே வீட்டுக்காரர் தட்டுகளைப் பார்த்துவிட்டு, பையையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

"வேற எதுவும் எடுக்கலையே?"

"இல்லைங்க."

"கடைசி ரூம் அலமாரியைத் திறந்தீங்களா?"

"அந்தப் பக்கமே போகலை."

அவர் தலையாட்டினார். அவர் முகத்தில் தெரிந்தது நிம்மதி என்பது அப்போது அவளுக்குப் புரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து, ஆறு கொம்புப் பொத்தான்களைப் பொறுக்கி ஸ்வெட்டரில் தைத்தாள். அளவெடுத்ததுபோல் காஜாக்களில் பொருந்தின. குட்டிக்கு ஒரே சந்தோஷம். கண்ணாடி முன் நின்று பேசிக்கொண்டே இருந்தாள். குட்டி எப்போதும் பேசிக்கொண்டேதான் இருப்பாள், வாய் ஓயாது.

திங்கட்கிழமை காலை, பள்ளிக்குக் கிளம்பி வந்த குட்டியின் ஸ்வெட்டர் கழுத்து வரை பூட்டியிருந்தது.

"பரவாயில்லையே, மேல் பட்டனைக்கூட நீயே போட்டுட்டியே."

"நீதானே போட்டுவிட்டே," என்றாள் குட்டி.

சல்லிசக்கா அதுவரை சமையலறையை விட்டு நகரவில்லை.

செவ்வாய்க்கிழமை அவளுக்கு அரை நாள் விடுமுறை. குட்டி பள்ளியில். மதியச் சாப்பாட்டுக்குத் தட்டை எடுத்து வைத்தபோது படுக்கையறையில் சத்தம் கேட்டது. பொத்தான்களை யாரோ விரலால் அளைகிற சத்தம். நிதானமாக, ஒரு பொத்தானைத் தேடுவதுபோல.

போய்ப் பார்த்தாள். டப்பா மூடித்தான் இருந்தது. மூடியைத் திறந்தாள்.

எல்லாவற்றுக்கும் மேலே ஒரு வெள்ளைப் பொத்தான். அதில் நீலத் துணித் துண்டு ஒட்டியிருந்தது.

குட்டியின் பள்ளிச் சட்டை நீலம். மடித்து வைத்திருந்த மாற்றுச் சட்டையை உதறிப் பார்த்தாள். கழுத்தில், மேல் பொத்தான் இருந்த இடத்தில், வட்டமாக ஒரு துளை.

குட்டி கத்தரிக்கோலை வைத்து விளையாடியிருப்பாள். அப்படித்தான் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். மாலை குட்டி வந்ததும் அதட்டவும் செய்தாள். குட்டி மறுக்கவில்லை. வாயே திறக்கவில்லை. உதட்டை இறுக்கிக்கொண்டு அம்மாவின் தோளுக்குப் பின்னால் எதையோ பார்த்தபடி நின்றாள்.

புதன் முழுக்க வீட்டில் பேச்சில்லை. வியாழக்கிழமை மழை. பள்ளி சீக்கிரமே விட்டது. கிளினிக்கில் சொல்லிவிட்டு சல்லிசக்காவும் வந்துவிட்டாள். ஈரம் துடைத்து, உலர்ந்த துணி மாற்றி, சூடாகப் பால் கொடுத்தாள். குட்டி ஒரு மடக்கு குடித்துவிட்டுக் கோப்பையை வைத்தாள்.

"என்னடா ஆச்சு? அம்மா மேல கோபமா?"

குட்டி இல்லை என்று தலையாட்டினாள்.

"அப்ப ஏன் பேச மாட்டேங்கறே?"

குட்டி எழுந்து வந்து அவள் காதில் கிசுகிசுத்தாள். "பேசினா அவங்களுக்குப் பிடிக்காது."

"யாருக்கு?"

குட்டி பதில் சொல்ல வாயெடுத்தாள். சத்தம் வரவில்லை.

சற்று முன் ஸ்வெட்டரைக் கழற்றி நாற்காலியில் போட்டது சல்லிசக்காவுக்கு நன்றாக நினைவிருந்தது. இப்போது அது குட்டியின் உடம்பில் இருந்தது. கீழிருந்து மேலாக ஒவ்வொரு பொத்தானாகக் காஜாவுக்குள் புகுந்துகொண்டிருந்தது. அவசரமே இல்லை. பழகிய கை செய்கிற வேலைபோல இருந்தது.

நாலாவது.

ஐந்தாவது.

கழுத்துப் பொத்தான்.

அந்துருண்டை வாடை முகத்தில் அறைந்தது. சல்லிசக்கா பாய்ந்து மேல் பொத்தானைப் பிடித்தாள். அது அசையவில்லை. காஜா தைத்து மூடியதுபோல் இறுகியிருந்தது. கம்பளி குட்டியின் கழுத்துக்குள் அமுங்கியது. குட்டியின் கண்கள் பிதுங்கின. முகம் சிவந்து, பின் கறுக்கத் தொடங்கியது.

மேசையிலிருந்த கத்தரிக்கோலை எடுத்துக் கழுத்தருகே கொண்டுபோனாள்.

யாரோ அவள் மணிக்கட்டைப் பிடித்தார்கள்.

ஒல்லியான, குளிர்ந்த விரல்கள். ஐந்தையும் அவளால் எண்ண முடிந்தது. கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. பிடி மட்டும் இறுகியது. காதருகே, சலித்துப்போன ஒரு பெண் குரல்:

"வாயை மூடு."

அது குட்டிக்கு முன்னால், பொத்தான் பக்கமாகத்தான் நிற்கிறது என்று அவளுக்கு எப்படியோ தோன்றியது. கத்தரிக்கோலை இடது கைக்கு மாற்றினாள். குட்டியைத் தன் மார்போடு சேர்த்து அணைத்து, முதுகுப் பக்கமாகக் கத்தரியை விட்டு, கீழிருந்து கழுத்து வரை ஸ்வெட்டரை ஒரே மூச்சில் கிழித்தாள். கம்பளி இரண்டாகப் பிளந்து விழுந்தது. குட்டி பெரிதாக மூச்சு இழுத்து, இருமி, அழுதாள்.

அந்த அழுகையைப்போல இனிய சத்தத்தை சல்லிசக்கா அதுவரை கேட்டதில்லை.

அண்ணிக்கு போன் செய்தாள். அண்ணி குடைகூட எடுக்காமல் ஓடிவந்தாள். குட்டியின் கழுத்தைச் சுற்றி ஓடிய சிவப்புக் கோட்டைப் பார்த்தாள். சல்லிசக்காவின் மணிக்கட்டில் நீலம் பாரித்திருந்த ஐந்து தடங்களைப் பார்த்தாள்.

"டப்பா எங்கே? எடு. கிளம்பு."

கிழிந்த ஸ்வெட்டரிலிருந்து ஆறு பொத்தான்களையும் வெட்டியெடுத்து டப்பாவில் போட்டு, டாக்சி பிடித்தார்கள். மழை விட்டிருந்தது. வீட்டுக்காரர் அதே ஸ்டூலில், கேட்டுக்கு வெளியே இருந்தார். டப்பாவைப் பார்த்ததும் எழுந்துவிட்டார். பிறகு குட்டியின் கழுத்தைப் பார்த்தார்.

"போகவே இல்லைன்னு சொன்னீங்களே," என்றார்.

"தப்புதான். என்ன இது? யார் அவங்க?"

அவர் டி-ஷர்ட்டின் கழுத்தை விரலால் கீழே இழுத்துக் காட்டினார். தொண்டையைச் சுற்றி வெளுத்த பழைய தழும்பு.

"எங்க பெரியம்மா. அப்பா அம்மா போனதுக்கப்புறம் என்னையும் தங்கச்சியையும் அவங்கதான் வளர்த்தாங்க. குழந்தைங்க பேசினா அவங்களுக்கு ஆகாது. பேசினா, கழுத்து வரைக்கும் பட்டனைப் போட்டு இறுக்கி, அந்த அலமாரிக்குள்ள நிக்க வெச்சுப் பூட்டிடுவாங்க. நான் சீக்கிரமே பேசாம இருக்கக் கத்துக்கிட்டேன். தங்கச்சி கத்துக்கலை."

"தங்கச்சி இப்ப எங்கே?" என்றாள் அண்ணி.

"ஒருநாள் கதவைத் திறந்தப்ப அவ நின்னுட்டேதான் இருந்தா. கூப்பிட்டேன். நின்னுட்டேதான் இருந்தா." அவர் ஈரத் தரையைப் பார்த்தார். "காய்ச்சல்னு பெரியம்மா ஊருக்குச் சொன்னாங்க. அன்னிக்கு அவ போட்டிருந்த சட்டைப் பட்டனையெல்லாம் வெட்டி டப்பாவுல போட்டுக்கிட்டாங்க. இப்ப அவங்களும் போய்ச் சேர்ந்தாச்சு. வீட்டை இடிக்கும்போது எல்லாம் சேர்ந்து மண்ணோட மண்ணாப் போகட்டும்னுதான் நான் தொடலை."

"இதை வாங்கிக்கங்க. கும்பிட்டுக் கேக்கறேன்."

"எடுத்த கைதான் வைக்கணும். நான் வரமாட்டேன்மா. என்னால முடியாது."

குட்டியை அண்ணியிடம் கொடுத்துவிட்டு சல்லிசக்கா உள்ளே போனாள்.

வெளியே மழைக்குப் பின்னான வெயில் கண்ணைக் கூசவைத்தது. உள்ளே மங்கல். சாமான்கள் போய்விட்ட கூடத்தில் அவள் காலடி பெரிதாகக் கேட்டது. கடைசி அறையில் அலமாரிக் கதவு திறந்தே கிடந்தது. உள்ளே ஒன்றுமில்லை. அவள் நன்றாகப் பார்த்தாள், ஒன்றுமேயில்லை.

ஆனாலும் அதற்குள்ளிருந்து சுரண்டுகிற சத்தம் வந்தது. இடுப்பு உயரத்துக்குக் கீழேயிருந்து.

மண்டியிட்டு இழுப்பறையில் டப்பாவை வைத்தாள். தள்ளி மூடினாள். சுரண்டல் நின்றது.

அப்போது அவள் வயிற்றருகே ஏதோ ஊர்ந்தது. குனிந்து பார்த்தாள். மழைக் குளிருக்காக அவள் போட்டுவந்த கம்பளிக் கோட்டின் அடிப் பொத்தான் பூட்டிக்கொண்டது.

அடுத்தது.

அதற்கடுத்தது.

கத்தத் தோன்றியது. வாயைத் திறக்கக்கூடாது என்று மட்டும் புரிந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு, கோட்டைத் தலை வழியாக உருவி அங்கேயே எறிந்துவிட்டு ஓடினாள். கேட்டைத் தாண்டும்வரை மூச்சு விட்டாளா என்று அவளுக்குத் தெரியாது.

மறு வாரம் இயந்திரம் வந்து அந்த வீட்டை இடித்தது. வேலைக்குப் போகும் வழியில் பஸ்ஸை விட்டு இறங்கி, கடைசிச் சுவர் விழும்வரை நின்று பார்த்தாள். செங்கல்லையும் மரத்தையும் லாரியில் அள்ளிக்கொண்டு போனார்கள். வீட்டுக்காரர் அன்று வரவில்லை.

குட்டியின் கழுத்துக் கோடு மெல்ல மறைந்தது. முதலில் ஒரு வார்த்தை, பிறகு இரண்டு, பிறகு பழையபடி வாய் ஓயாத பேச்சு. கணவன் வந்தபோது சல்லிசக்கா எல்லாவற்றையும் சொன்னாள். அவன் நம்பினானா என்று கேட்கவில்லை. பழைய சாமான் விற்பனை அட்டை எதைப் பார்த்தாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

நான்கு மாதம் கழிந்தது. ஒரு காலை, பள்ளிக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. ஜன்னலோரம் குட்டியை உட்காரவைத்துத் தலை வாரிக்கொண்டிருந்தாள் அவள். குட்டி வகுப்பில் நடந்த ஏதோ சண்டையைப் பற்றி விடாமல் சொல்லிக்கொண்டிருந்தாள். நடுவில் நிறுத்தினாள். தோளைக் குறுக்கிக்கொண்டாள்.

"அம்மா, முதுகுல இருந்து கையை எடேன். சில்லுனு இருக்கு."

சல்லிசக்காவின் ஒரு கையில் சீப்பு இருந்தது. மறு கையில் மகளின் முடி இருந்தது.