பெல்ட்டில் இரண்டு இழுப்பு

பம்ப் துப்பாக்கியின் முன்பிடியைப் பின்னால் இழுத்து முன்னால் தள்ளியபோது எழுந்த ‘ச்சக்-ச்சக்’ சத்தம், நடைவழியின் மறுகோடியிலிருந்து இன்னொரு முறை கேட்டது.

மார்னி அப்படியே நின்றாள். ஜனவரி மாதத்து நாலு மணி வெளிச்சம் ஜன்னலில் சாம்பல் பூத்துக் கிடந்தது. படுக்கையறை வாசலில் நின்று அவள் தினமும் செய்கிற பயிற்சிதான் இது. துப்பாக்கிக்குள் இருந்தவை ஆரஞ்சு நிறத்துப் போலித் தோட்டாக்கள், வெடிக்காது. எதிரொலி என்று விட்டுவிடலாம். ஆனால் அந்த நடைவழியில் சுவருக்குச் சுவர் கம்பளம் போட்டிருந்தது. நாலு வருடமாக இந்த வீட்டில் அவள் போட்ட கூச்சல் எதுவும் திரும்பி வந்ததில்லை. அதோடு எதிரொலி என்றால் உடனே வர வேண்டும், இது ஆற அமர யோசித்துவிட்டு வந்ததாகத் தோன்றியது.

இன்னொரு முறை இழுத்துப் பார்த்தாள். காத்திருந்தாள். தரைக்கு அடியில் ஹீட்டர் உறுமிக்கொண்டிருந்தது, வேறு சத்தம் எதுவும் இல்லை. தன்னைத் தானே திட்டிக்கொண்டு துப்பாக்கியை அலமாரியின் மேல்தட்டில் வைத்தாள்.

எல்லாம் நவம்பரில் ஆரம்பித்தது. தானியக் கிடங்கில் கணக்கு எழுதும் வேலை முடிந்து, ஏழு வயது ட்ரூடியைப் பள்ளியிலிருந்து அழைத்துக்கொண்டு வந்தால், பின்கதவு விரியத் திறந்திருந்தது. சமையலறை முழுக்கப் பனி. டிவி இருந்தது, லேப்டாப் இருந்தது, பூட்டிய பெட்டியில் கணவன் கென்ட்டின் மான் வேட்டை ரைஃபிளும் பத்திரமாக இருந்தது. ட்ரூடியின் கட்டிலில் மட்டும் போர்வை விலகி, தலையணை நடுவில் குழி விழுந்திருந்தது. ஷெரிஃப் ஆபீஸிலிருந்து ஆள் வந்து சேர ஐம்பது நிமிடம் ஆயிற்று. நல்ல மனுஷன். வீட்டைச் சுற்றி வந்துவிட்டு, தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு உண்மையைச் சொன்னான்.

“பனியில ஒரு தடம்கூட இல்லீங்க. காத்து அழிச்சிருக்கலாம். ஒண்ணு சொல்றேன், தப்பா நெனக்காதீங்க. அடுத்த தடவையும் ஐம்பது நிமிஷம்தான் ஆகும்.”

கென்ட் எண்ணெய் வயலில் இரண்டு வாரம் வேலை, இரண்டு வாரம் வீடு என்று இருப்பவன். ஆக, பாதி நாள் அவளும் குழந்தையும்தான். அந்த ரைஃபிளோ அவளுக்குக் கடப்பாரை கனம். மறுநாளே ஊருக்குள் போனாள். துப்பாக்கிக் கடை கவுண்ட்டரில் நின்றது கென்ட்டின் தங்கை ரோண்டா.

“பன்னெண்டு கேஜ் வேணுமா? யாருடி சொன்னா, உம் புருஷனா?”

“அவன்தான் அதுதான் நல்லதுன்னான்.”

“சொல்வான். தோள்பட்டை கழண்டு விழப்போறது அவனுக்கா? இருபது எடுத்துக்கோ, கேஜ் நம்பர் ஏற ஏற குழல் சின்னது, உதையும் கம்மி. குண்டு பட்டவன் வந்து, ஏம்மா சின்ன கேஜ்ல சுட்டேன்னு கேக்க மாட்டான்.”

ரோண்டா பேச்சில்தான் விளையாட்டு, வேலையில் இல்லை. மார்னியின் முழங்கையிலிருந்து விரல் வரை அளந்து, துப்பாக்கிக் கட்டையை இரண்டு விரற்கடை குறைத்தாள். இடதுகைப் பெருவிரல் தானாகப் போய் விழும் இடத்தில் பட்டன் வரும்படி முன்பிடியில் விளக்கு பொருத்தினாள். பக்கவாட்டில் நாலு தோட்டா செருகும் பட்டை. குழாயில் நாலு தோட்டா, சுடும் அறை காலி. வேண்டும் என்கிறபோது ஒரே இழுப்பு போதும்.

“அந்தச் சத்தம் கேட்டாலே திருடன் ஓடிருவானாமே?”

“சினிமால ஓடுவான். நீ அதை நம்பித் துப்பாக்கி வாங்காத.”

ஞாயிற்றுக்கிழமை ஊருக்கு வெளியே சரளைக் குழியில் அவளைச் சுட வைத்தாள். நடைவழியின் நீளம் ஏழு கஜம். அதே தூரத்தில் வைத்த அட்டைப் பெட்டியில் உள்ளங்கை அகலத்துக்கு ஓட்டை விழுந்தது. பெட்டிக்குப் பின்னால் வீட்டுச் சுவர்ப் பலகையை இரண்டாக நிறுத்தியிருந்தாள் ரோண்டா. ரவைகள் அதையும் துளைத்துக்கொண்டு போயிருந்தன. மார்னி அந்த ஓட்டைக்குள் விரலை விட்டுப் பார்த்தாள்.

“பாத்தியா? உம் பொண்ணு எங்க இருக்கான்னு தெரியாம விரல வெக்கக் கூடாது. மொதல்ல அவளக் கூப்பிடு. ஓடி வந்து உன் இடது பக்கமா பூந்து பின்னாடி நிக்கட்டும். நின்னுட்டு, உன் பெல்ட்டப் பிடிச்சு ரெண்டு இழுப்பு இழுக்கணும்.”

“வந்துட்டேம்மான்னு சொன்னா போதாதா?”

“வீட்டுக்குள்ள ஒரு வெடி வெடிச்சா அரைமணி நேரம் காது செத்துடும்டி. திரும்பிப் பாக்கவும் கூடாது. பெல்ட்டு ரெண்டு தடவ இழுபட்டுச்சுன்னா, அதுக்கப்புறம் உன் முன்னாடி வர்றது எதுவும் உம் பொண்ணு இல்ல. சுடு. தினமும் பண்ணுங்க, சத்தம் போட்டுப் பண்ணுங்க. உடம்பு மனப்பாடம் பண்ணணும். மூளை அந்த நேரத்துல லீவு போட்டுரும்.”

தினமும் நாலு மணிக்குச் செய்தார்கள். “உள்ள வா, ட்ரூடி!” என்று மார்னி கத்துவாள். கம்பளத்தில் தடதடவென்று கால்கள் ஓடி வரும். இடது தொடையை ஒரு தோள் உரசும். பெல்ட்டில் இரண்டு இழுப்பு. ச்சக்-ச்சக். “துப்பாக்கி இருக்கு! போலீஸ் வருது! வெளிய போ!” முடிந்ததும் ட்ரூடிக்கு மார்ஷ்மெல்லோ. பதிமூன்று நொடியில் தொடங்கி எட்டு நொடிக்கு வந்துவிட்டாள், அதற்குக் கீழே இறங்கவே முடியவில்லை. அது ஒன்றுதான் அவளுக்குக் குறை.

தாமதமாக வந்த அந்தச் சத்தம் கேட்டு நாலு நாள் கழித்து, மார்ஷ்மெல்லோவை வாயில் அடக்கிக்கொண்டே ட்ரூடி கேட்டாள்.

“ஏம்மா ரெண்டு தடவ கூப்பிட்ட?”

“ஒரு தடவதானே கூப்பிட்டேன்.”

“இல்ல. மொதல்ல துணி தோய்க்கிற ரூம்லேர்ந்து கூப்பிட்ட. நான் அங்க போனேன், நீ இல்ல. அப்புறம்தான் இங்கேர்ந்து கூப்பிட்ட. அதான் லேட்டு. இது கணக்கில்ல.”

மார்னி குழந்தையை டிவி முன் உட்கார வைத்துவிட்டு நடைவழியின் மறுகோடிக்குப் போனாள். துணி துவைக்கும் அறையின் தரையில், வீட்டுக்கு அடியில் தவழ்ந்து போகிற சந்துக்கு இறங்கும் பலகைக் கதவு மூடித்தான் இருந்தது. குனிந்தாள். விளிம்பிலிருந்து குளிர்ந்த மண் வாசனை வந்தது. அதற்குள் இன்னொரு வாசனையும் இருந்தது, துப்பாக்கிக்குப் போடும் எண்ணெய் வாசனை. அந்த எண்ணெய் டப்பாவை அவள் படுக்கையறையை விட்டு வெளியே கொண்டு வந்ததே இல்லை. தண்ணீரின் கடினத்தன்மையைப் போக்கும் இயந்திரத்துக்குப் போடும் உப்பு மூட்டையை மூச்சுப் பிடித்து இழுத்து வந்து பலகைமேல் நிறுத்தினாள்.

அன்று கென்ட் போனில் சிரித்தான்.

“அடியில காத்து பூந்திருக்கும். குழாய் அடிச்சுக்கும்.”

“காத்து என் குரல்ல பேசுமா, கென்ட்?”

அவன் சிரிப்பை நிறுத்தினான்.

“வெள்ளிக்கிழமை வந்துடறேன். அதுவரைக்கும் துப்பாக்கியப் பக்கத்துல வச்சுக்கோ.”

பக்கத்தில் வைத்துக்கொண்டாள். போலித் தோட்டாக்களைக் கழற்றிவிட்டு நிஜத் தோட்டாக்களை ஏற்றினாள். அன்றே மூட்டை கட்டிக்கொண்டு ஊருக்குள் போயிருக்கலாம், ரோண்டாவின் சோபா காலியாகத்தான் இருந்தது. பயந்தவர்கள் கைக்குத் தெரிந்ததைத்தான் மேலும் மேலும் செய்வார்கள். மார்னி துப்பாக்கியைத் தொடாமல் அழைப்பை மட்டும் ஒரு நாளைக்கு மூன்று முறை பயிற்சி செய்தாள். உள்ள வா, ட்ரூடி. உள்ள வா, ட்ரூடி. வீடு முழுக்க அவள் குரல்.

வியாழக்கிழமை பனிப்புயல் அடித்தது. பள்ளி விடுமுறை, நெடுஞ்சாலைக்கும் தடை போட்டுவிட்டார்கள். ஜன்னலுக்கு வெளியே வேலியும் இல்லை, வானமும் இல்லை, வெள்ளை மட்டும். மூன்றரைக்கு மின்சாரம் போயிற்று. ஹீட்டரின் உறுமல் அடங்கியதும்தான் இத்தனை நாளும் அது எத்தனை சத்தத்தை மூடி வைத்திருந்தது என்று தெரிந்தது. கூரை முனகியது. சுவருக்குள் ஏதோ சுருங்கிச் சுருங்கி முறிந்தது. ட்ரூடி நடைவழியின் நடுவில் இருக்கும் தன் அறையில், போர்வைக்குள் ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு டேப்லெட்டில் படம் பார்த்துக்கொண்டிருந்தாள். மார்னி தன் படுக்கையறையில் கூடுதல் போர்வைகளை எடுத்து மடித்து வைத்துக்கொண்டிருந்தாள்.

துணி துவைக்கும் அறையில் உப்பு மூட்டை சாய்ந்தது. தொப் என்று கனமாக, ஒரே முறை. அப்புறம் உப்பு சரசரவென்று தரையில் கொட்டும் சத்தம் நெடுநேரம் கேட்டது. கடைசியாகப் பலகை, கீலில் மெதுவாக, மிக மெதுவாகத் திறந்தது.

மூளை லீவு போட்டுவிட்டது. உடம்பு வேலையைத் தொடங்கியது. துப்பாக்கி கைக்கு வந்தது. போனில் அவசர எண்ணை அழுத்தி, ஸ்பீக்கரில் போட்டுக் கட்டிலில் எறிந்தாள். கதவுச் சட்டத்தில் தோளைச் சாய்த்தாள். நடைவழியில் ஜன்னல் கிடையாது. அங்கே இப்போதே இருட்டிவிட்டிருந்தது.

“உள்ள வா, ட்ரூடி!”

கம்பளத்தில் தடதடவென்று கால்கள். இருட்டிலிருந்து வந்தது ஒரு சின்ன உருவம், தலையைக் குனிந்தபடி. இடது தொடையை ஒரு தோள் உரசியது. பெல்ட்டில் ஒரு கை.

ஒன்று. இரண்டு.

ஆறு நொடி. கெட்டிக்காரி, என்று மெச்சிக்கொண்டாள். அவளுக்குக் கண்ணில் நீர் முட்டியது. இனிக் கவலை இல்லை, குழந்தை பின்னால் இருக்கிறாள். முன்னால் வருவது எதுவாக இருந்தாலும் இருக்கட்டும். முன்பிடியை இழுத்துத் தள்ளினாள். ச்சக்-ச்சக். பாதுகாப்புப் பித்தானை விடுவித்தாள்.

“துப்பாக்கி இருக்கு! போலீஸ் வருது! வெளிய போ!”

நடைவழி எதையும் திருப்பிச் சொல்லவில்லை.

“மேடம், ரோடு மூடியிருக்கு,” என்றது போனில் ஒரு பெண் குரல். “வண்டி எப்ப வரும்னு சொல்ல முடியாது. வீட்ல யார் யார் இருக்கீங்க?”

“நானும் எம் பொண்ணும். பொண்ணு என் பின்னாடி நிக்கறா.”

“நல்லது. அங்கேயே இருங்க.”

நடைவழியின் நடுவில் ஒரு கதவு கிறீச்சிட்டது. ஏதோ வெளியே வந்தது. நின்றது. இவள் பக்கம் திரும்பியது.

பெல்ட்டில் இழுப்பு. ஒன்று. இரண்டு.

விரல் விசைக்குப் போனது. பெருவிரல் பட்டனை அழுத்தியது.

வெள்ளை வெளிச்சத்தில் ட்ரூடி நின்றாள். கழுத்தில் ஹெட்ஃபோன். ஒரு காலில் மட்டும் காலுறை. கண் கூச, கையால் மறைத்தாள்.

“அம்மா? கரெண்ட் போயிடுச்சா? படம் நின்னுடுச்சு.”

ஒன்று. இரண்டு. இம்முறை அவசரமாக.

முன்னாடி வர்றது எதுவும் உம் பொண்ணு இல்ல. விரல் அதைத்தான் கேட்டது. இரண்டு மாதமாக, தினமும், விரலுக்கு அதைத்தான் சொல்லிக்கொடுத்திருந்தாள். விசை ஒரு மயிரிழை பின்னால் போனது. இன்னும் ஒரு மயிரிழை பாக்கி.

“மேடம்?” போன் கேட்டது. “அங்க யாரு பேசறது?”

ஒன்று. இரண்டு. ஒன்று. இரண்டு.

ஸ்வெட்டரைத் தாண்டிக் குளிர் முதுகெலும்பில் ஏறியது. பெல்ட்டைப் பற்றியிருந்த விரல்களின் முட்டிகள் முதுகில் அழுந்தின. எண்ணினாள். எண்ணக் கூடாது என்று நினைத்துக்கொண்டே எண்ணினாள். ஐந்து. ஆறு. ஏழு. மண் வாசனை. எண்ணெய் வாசனை.

“ட்ரூடி,” என்றாள். “ஓடு.”

மார்னியின் தலைக்கு மேலிருந்து, ஈரமான ஒரு தொண்டையிலிருந்து, ச்சக்-ச்சக் என்றது.

ட்ரூடி கண்ணிலிருந்து கையை எடுத்தாள். அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். அப்புறம் அம்மாவின் தலைக்கு மேலே பார்த்தாள். அப்புறம், வாய் மெல்லத் திறக்க, கதவுச் சட்டத்தின் உச்சியைப் பார்த்தாள். அவள் பார்வை இன்னும் மேலே, கூரை வரைக்கும் ஏறிக்கொண்டே போனது.