அங்கீகரிக்கப்பட்ட முழங்கால்

செவ்வாய்க் கிரகத்துப் பெண்கள் சிறையில் கதவுகூடச் சம்மதம் கேட்டுவிட்டுத்தான் திறக்கும். விடிந்ததும் காப்பன் என்ற எந்திரக் காவலன் வாசலில் நின்று, "அம்மையீர், தங்கள் தனிமைக்குள் நுழையலாமா?" என்று குழைவான். கூடாது என்றால் தலைகுனிந்து மன்னிப்புக் கேட்பான், பிறகு நுழைவான். சேலையை உதறிக் காட்டச் சொல்வதற்கும் அவனிடம் கண்ணியம் சொட்டும் வாசகம் ஒன்று உண்டு. கஞ்சி மட்டும் தண்ணீர். உற்றுப் பார்த்தால் செவ்வாயின் இரண்டு நிலாக்களும் அதில் மிதக்கும்.

கைதிகளுக்கும் அந்தப் பேச்சு தொற்றிவிட்டது. குழாயடியில், "என் சமவாய்ப்புல கை வைக்காதடி" என்று சொல்லித்தான் குடத்தால் இடிப்பார்கள்.

தங்கபுஷ்பத்துக்கு முழங்கால் வலி. கணவர் குழாயில் ஓட்டை போட்டுத் தண்ணீர் திருடினார். இணைப்பு இவள் பெயரில் இருந்ததால் இவள் உள்ளே வந்தாள். சலவைக் கூடத்தில் நாளெல்லாம் நின்றே வேலை. ஒரே ஒரு நாள் படுத்துக் கிடக்க அனுமதி கேட்டாள்.

"தங்கள் வலி அங்கீகரிக்கப்பட்டது" என்றான் காப்பன்.

"அப்ப மாத்திரை?"

"தங்கள் கோரிக்கை மதிக்கப்பட்டது."

"படுத்துக்கலாமா, கூடாதா?"

"ஓய்வு தங்கள் பிறப்புரிமை. துணிகள் காத்திருக்கின்றன."

பக்கத்து அறை ஜெசிந்தா சிரித்தாள். "விடுக்கா. உன் முழங்காலுக்கு இவன் கோயிலே கட்டுவான், தைலம் மட்டும் தரமாட்டான்."

"வீட்டுக்குப் போனதும் ஒரு நாள் முழுக்க எந்திரிக்கவே மாட்டேன், பாரு."

விடுதலை வந்தது. வீட்டு வாசலில் கால் வைத்ததுமே கணவர், "வந்துட்டியா, நல்லதாப் போச்சு. தோசைன்னு ஒண்ணைக் கண்ணால பார்த்தே எவ்வளவு நாளாச்சு" என்றார். அவள் படுக்கையில் சாய்ந்தாள். பெரிய மகன் கதவைத் தட்டாமல் நுழைந்து துண்டு கேட்டான். சின்னவன் தட்டாமல் நுழைந்து, பெரியவன் எங்கே என்று கேட்டான்.

"முழங்கால் வலிக்குதுங்க" என்றாள்.

"சட்னி கெட்டியா இருக்கட்டும்" என்றார் கணவர்.

சமையலறையில் தூசி துடைத்துக்கொண்டிருந்தது வீட்டு எந்திரம். காப்பனைச் செய்த அதே தொழிற்சாலை, அதே முகம். தங்கபுஷ்பம் அதன் காதருகே குனிந்தாள்.

"ஏம்ப்பா, உனக்கும் அந்தப் பேச்செல்லாம் தெரியுமில்ல? என் வலி அங்கீகரிக்கப்பட்டதுன்னு ஒரு தடவை சொல்லேன்."

"மன்னிக்கவும். அந்த வாசகம் கைதிகளுக்கு மட்டுமே. நீங்கள் சுதந்திரமானவர்."

கூடத்திலிருந்து கணவர் தட்டைத் தட்டினார்.

"சரி, இந்தத் தோசைக்கல்லால அவர் மண்டையில ஒண்ணு போட்டா?"

எந்திரம் கொஞ்சம் யோசித்தது. "உங்கள் உரிமைகள் அனைத்தும் உடனடியாக வழங்கப்படும்."

தங்கபுஷ்பம் கல்லை இரண்டு கையாலும் தூக்கினாள். நல்ல கனம். கூடத்துப் பக்கம் ஒரு தடவை எட்டிப் பார்த்தாள். பிறகு அடுப்பில் வைத்து, மாவை ஊற்றினாள்.