பையடியில் பதினோரு தையல்

பூமாலை கள்ளக்குறிச்சிக் கடைத்தெருவுக்குள் நுழைந்தபோது காலை எட்டு மணி. முந்தின நாள் விடிந்ததும் மலைமேல் இருக்கும் கரியாலூரிலிருந்து நடக்கத் தொடங்கியவள். வழியில் கச்சிராயபாளையத்தில் தெரிந்தவர்கள் வீட்டில் தலையைச் சாய்த்ததோடு சரி. இட ஒதுக்கீடு கேட்டு நடந்த மறியலின் மூன்றாம் நாள் அது. சாலையோரத்துப் புளியமரங்கள் சாலையின் குறுக்கே படுத்துக் கிடந்தன. பஸ் ஓடவில்லை, லாரி ஓடவில்லை, பாதிக் கடைகள் திறக்கவில்லை.

ரவூப் பாயின் கடை திறந்திருந்தது. பழைய தோல்பைகளைப் பிரித்து, உள்ளே புது லைனிங் கொடுத்து, கையாலேயே தைத்துத் தருவது அவர் தொழில். சம்பளமில்லாத இன்னொரு தொழிலும் அவருக்கு உண்டு. பொருள் காணோம் என்று யாராவது அழுதுகொண்டு வந்தால், யார் எடுத்தது என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே சொல்லிவிடுவார். அதில் அவருக்குத் துணை செல்லமுத்து. தனியார் பஸ் கண்டக்டர். பஸ் நின்றதிலிருந்து காக்கிச் சட்டையைக் கழற்றாமல் பாயின் கடைப் பெஞ்சில் குடியிருந்தார். துப்புத் துலக்குவதில் அவர் காட்டிய சுறுசுறுப்பை டிக்கெட் கொடுப்பதில் காட்டியிருந்தால் முதலாளி என்றோ சம்பளத்தைக் கூட்டியிருப்பார்.

“சங்கராபுரம் தாண்டி நாப்பது கரும்பு வண்டி நிக்குதாம் பாய். வெட்டின கரும்பு வெயில்ல காயுதாம்,” என்று அவர் ஊர்ச்செய்தி வாசித்துக்கொண்டிருந்தபோதுதான் பூமாலை வந்து நின்றாள்.

“பாய், இத்த சீக்கிரம் பிரிச்சுக் குடுங்க.”

அவள் நீட்டிய பையைப் பாய்க்குத் தெரியும். வெள்ளைக்காரர் காலத்துக் காட்டிலாகாப் பை. இரண்டு வருடத்துக்கு முன் இவளுடைய அப்பா கொண்டுவந்து லைனிங் போடச் சொன்னார். அப்படியே, தோலுக்கும் துணிக்கும் நடுவே ஒரு தாளை பிளாஸ்டிக் உறையில் வைத்துத் தைக்கவும் சொன்னார். அவருடைய பழங்குடிச் சாதிச் சான்று அது. மழைக்கும் கறையானுக்கும் தப்பி மலைவீட்டில் ஒரு காகிதம் பிழைக்க அதைவிட நல்ல இடம் கிடையாது.

“அப்பா சவுக்கியமாம்மா?”

“பூட்டாரு பாய். தை மாசம்.”

பாய் பையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். அவள் நிற்கவும் முடியாமல் சொல்லிக்கொண்டே போனாள்.

“நாளைக்கி இந்த ஊர்ல வாத்தியார் டிரெய்னிங்குக்கு இன்டர்வியூ பாய். எஸ்.டி. சர்டிபிகேட் இருந்தாத்தான் சேப்பாங்களாம். தாலுகா ஆபீசுல அப்பாவோட அசலைக் காட்டுன்றாங்க. இன்னிக்கி அஞ்சு மணிக்குள்ள. நாளைக்கி தாசில்தாரு மறியல் பந்தோபஸ்துக்குப் பூடுவாராம். இது போனா அவ்ளோதான். சின்னராசு மாமன் அவரு பையனுக்குக் கட்டிக் குடுன்னு வந்து ஒக்காந்துக்கினு இருக்காரு.”

“அழாத. பத்து நிமிசத்துல எடுத்துத் தர்றேன்.” பாய் கத்தியை எடுத்துப் பையைக் கவிழ்த்தார். அடிப்பக்கத்து மூலையில் கத்தியை வைத்தவர், அப்படியே நிறுத்திக்கொண்டார்.

“இது நான் போட்ட தையல் இல்ல.”

செல்லமுத்து பெஞ்சிலிருந்து குதித்து வந்தார். பை முழுக்க நூல் மஞ்சளாக ஓடியது. அந்த மூலையில் மட்டும் பதினோரு தையல் கறுப்பு. ஆனால் தோலில் ஒரு புது ஓட்டைகூட இல்லை. பழைய ஓட்டைகளிலேயே, இரண்டு பக்கமும் ஊசி விட்டு, நிதானமாகத் தைத்திருந்தது. கறுப்புத் தையலின் மேல் நாலைந்து எறும்புகள் ஊர்ந்தன.

பாய் பிரித்தார். பிளாஸ்டிக் உறை இருந்தது. உறைக்குள் நாலாக மடித்த செய்தித்தாள் துண்டு இருந்தது. சான்று இல்லை.

பூமாலை அப்படியே கடை வாசலில் உட்கார்ந்து தலையில் கை வைத்துக்கொண்டாள். அதைப் பார்க்கச் சகிக்காமல் செல்லமுத்து முகத்தைத் திருப்பிக்கொண்டார். உள்ளேயிருந்து பாயின் மனைவி ஜெபீனா டீ கொண்டுவந்து வைத்தாள். டீ ஆறிப்போனது.

“பையை யாரார் தொடுவாங்க?” என்று பாய் கேட்டார்.

“அம்மாதான். காலையில எழுந்ததும் அடியத் தொட்டுப் பாக்கும். மொறமொறன்னுச்சுன்னா தாளு இருக்குதுன்னு அர்த்தம். வேற யாரு? மாமன் வரும் போவும். அதுதான் எடுத்திருக்கும் பாய். நான் படிச்சா அது பையனைக் கட்ட மாட்டேன்னு அதுக்குத் தெரியும்.”

“மாமன் இன்னா வேலை?”

“தேன் எடுக்கும்.”

செல்லமுத்து கையைத் தட்டினார். “அடிச்சான் பாரு! எறும்பு எங்கேர்ந்து வந்துச்சு பாய்? தேன் கையோட தச்சிருக்கான். ஆளு மாட்டிக்கினான்!”

“இருங்க கண்டக்டரே.” பாய் கறுப்பு நூலில் ஒரு துண்டை மண்ணெண்ணெயில் நனைத்துத் துணியால் உருவினார். கறுப்பு நிறம் துணியில் இறங்கியது. நூல் வெள்ளையாக வந்தது. இன்னொரு துண்டை மோந்து பார்த்தார். நுனி நாக்கில் வைத்துவிட்டு உடனே துப்பினார். “அண்ணன் ஒண்ணு உண்டுல்ல ஒனக்கு? அப்பா சொன்ன ஞாபகம்.”

“கொளஞ்சியப்பன். மூங்கில்துறைப்பட்டு சக்கரை ஆலைக்கு மாட்டுவண்டி ஓட்டுது. பத்து நாளைக்கி முன்ன வந்து அரிசி குடுத்துட்டுப் போச்சு.” அண்ணன் பேச்சை அவள் அதோடு நிறுத்திக்கொண்டாள்.

“இப்ப மாமனே அந்தத் தாளைத் திருப்பிக் குடுத்தாலும், இன்னிக்கிக் காட்டினதுக்கு அப்புறம் பத்திரமா வெச்சுக்கணும். இல்லியா?”

“எதுக்கு பாய்? ஆபீசுல ஒரு தபா சீல் குத்திட்டா அவ்ளோதான். அதுக்கு மேல செல்லாது. பஸ் டிக்கெட் மாதிரி.”

“யார் சொன்னது?”

“எங்க மலையில எல்லாருக்கும் தெரியும்.”

பாய் எழுந்து மூலையில் சாத்தியிருந்த சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். செல்லமுத்து வேட்டியை மடித்துக் கட்டுவதுபோல் பேன்ட்டை மடித்துவிட்டார்.

“மலைக்குத்தானே பாய்? சின்னராசுவைக் கட்டி இழுத்துக்கினு வர்றேன்.”

“மலைக்கு இல்ல. சங்கராபுரம் ரோட்டுல நிக்கிற கரும்பு வண்டிங்கள்ள கொளஞ்சியப்பன் யாருன்னு கேளுங்க. அவனை மெரட்டாதீங்க. ஒன் தங்கச்சி பாய் கடையில ஒக்காந்து அழுவுது, அஞ்சு மணி வரிக்கும்தான் டைமுன்னு மட்டும் சொல்லுங்க.”

பூமாலை விருட்டென்று எழுந்தாள். “எங்க அண்ணன் திருடன் இல்ல பாய்!”

செல்லமுத்து பாயை ஒருமுறை பார்த்துவிட்டு ஏறி மிதித்தார். மணி அப்போது ஒன்பது.

“ஒக்காரும்மா,” என்றார் பாய். “வெளியாளுன்னா பையையே தூக்கிக்கினு போயிருப்பான். இல்லாட்டி கிழிச்சு எடுத்திருப்பான். இது வெளியாளு வேலை இல்ல. தாளு போன எடத்துல பேப்பரை மடிச்சு வெச்சிருக்குது. ஏன்? ஒங்கம்மா தெனம் தொட்டுப் பாப்பாங்கன்னு தெரிஞ்ச ஆளு. வூட்டு ஆளு.”

“மாமனும் வூட்டு ஆளுதானே?”

“எறும்பை மட்டும் பாத்தா மாமன்தான். நான் பசையில மயில்துத்தம் போடுவேன், அதுக்கு எறும்பு வராது. அப்ப நூல்ல இனிப்பு இருக்குது. ஆனா தேன் எடுக்கிறவன் வூட்டுல மெழுகு குமிஞ்சு கெடக்கும்மா. நான் நூலுக்குத் தேய்க்கிற மெழுகே ஒங்க மலையிலேர்ந்து எறங்கறதுதான். அவரு தச்சிருந்தா மெழுகு தேய்ச்சிருப்பாரு. இந்த நூல்ல மெழுகு இல்ல. கறுப்பு சாயமும் இல்ல. இது வண்டி அச்சுக்குப் போடுற மசகு.”

பூமாலை அந்த நூல் துண்டைக் கையில் எடுத்துப் பார்த்தாள்.

“வண்டிக்காரன் மாட்டுப் பட்டை அறுந்தா தைக்கிறதுக்கு ஊசியும் நூலும் கையிலயே வெச்சிருப்பான். ரெண்டு ஊசி போட்டுத் தோல் தைக்கவும் தெரிஞ்சு வெச்சிருப்பான். சரி, வண்டிக்காரன் நூல்ல இனிப்பு எப்படி ஏறும்? கரும்பு பாரம் ஏத்துற வண்டியில நூல்கண்டு கெடந்தா ஏறும். மசகு மட்டும் இருந்தா மலையில வேற யாரையாவது தேடுவேன். இனிப்பு மட்டும் இருந்தா மாமனைத் தேடுவேன். ரெண்டும் ஒரே நூல்ல இருக்குதே!”

“எங்க அண்ணன் ஏன் எடுக்கணும்?” என்று அவள் கேட்டாள். குரலில் கோபம் போய்விட்டது.

“அதை நீதான் சொல்லணும். பத்து நாளைக்கி முன்ன வந்த அண்ணன்கிட்ட இன்டர்வியூன்னு சொன்னியா?”

“இல்ல.”

“கூடப் பொறந்தவன்கிட்ட ஏன் சொல்லல?”

அவள் ஆறிப்போன டீயைத் தள்ளி வைத்தாள். “அது காட்டிலாகாவுல வாச்சர் வேலைக்கி எழுதிப் போட்டிருக்குது பாய். அடுத்த மாசம் கூப்புடுவாங்க.”

ஒரு தாள். ஒரு சீல். இரண்டு பிள்ளைகள். பாய்க்கு விஷயம் முழுக்க விளங்கிவிட்டது. விளங்கியதில் அவருக்குச் சந்தோஷம் ஒன்றும் இல்லை. அந்த ஆபீஸ் சமாச்சாரம் அவருக்கும் தெரியாது; அவள் சொல்வது தப்பு என்று அடித்துச் சொல்ல முடியவில்லை.

அதற்குப் பிறகு செய்ய எதுவும் இல்லை, காத்திருப்பதைத் தவிர. பன்னிரண்டானது. ஜெபீனா வைத்த சோற்றை அவள் தொடவில்லை. இரண்டானது. தெருவில் சைக்கிள் மணி கேட்கும்போதெல்லாம் எழுந்து ஓடினாள். மூன்றரைக்கு, “அண்ணன் வராது பாய், நானா இருந்தாலும் வந்திருக்க மாட்டேன்,” என்றாள். நாலு மணிக்குப் பாயே ஊசியைக் கீழே வைத்துவிட்டு வாசலுக்கு வந்தார். தன் கணக்கு தப்போ என்று முதல்முறையாக அவருக்குப் பயம் வந்தது. தப்பாக இருந்தால் இந்தப் பெண்ணின் பகல் முழுவதையும் பாழாக்கியது அவர்தான்.

நாலு முப்பத்தைந்துக்குச் சைக்கிள் வந்தது. செல்லமுத்துவின் காக்கிச் சட்டை முதுகில் கிழிந்திருந்தது. பின்னால் கேரியரில் உட்கார்ந்திருந்தவன் இறங்கி, தங்கையைப் பார்க்காமல், சட்டைக்குள்ளிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து நீட்டினான்.

“நீயே வெச்சுக்கோ,” என்றான் கொளஞ்சியப்பன். “நான் வண்டியே ஓட்டிக்கிறேன்.”

செல்லமுத்துவுக்கு மூச்சு வாங்கியது. “தாளு ஆலைக்கிட்ட இவன் பொட்டியில இருந்துச்சு பாய். அது வரிக்கும் போய் எடுத்துக்கினு வர்றோம். ஏழு எடத்துல மரம். மறியல்காரங்க நிறுத்தினாங்க. ஒரு பொண்ணு படிப்புக்கு சர்டிபிகேட்டுன்னேன். நாங்களும் அதுக்குத்தானய்யா ரோட்டுல ஒக்காந்துக்கினு இருக்கோம்னு சைக்கிளை அவங்களே தூக்கி அந்தாண்ட வெச்சாங்க.”

தாலுகா ஆபீசுக்கு நால்வரும் ஓடினார்கள். ஐந்துக்குப் பத்து நிமிடம் இருந்தது. எழுத்தர் அருள்மொழி பீரோவைப் பூட்டப் போன கையோடு திரும்பி, மூச்சிரைக்கும் கும்பலைப் பார்த்துச் சலித்துக்கொண்டாள். தாளை வாங்கி இரண்டு பக்கமும் புரட்டினாள். எண்ணைப் பதிவேட்டில் எழுதிக்கொண்டாள். புதுச் சான்றை நிரப்பி உள்ளே போய்க் கையெழுத்து வாங்கி வந்து, சீல் குத்தினாள். இரண்டு தாளையும் பூமாலையிடம் கொடுத்தாள்.

பூமாலை பழைய தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “மேடம், இதுல சீல் வெக்கலீங்களே?”

“அதுல எதுக்கு? அது ஒங்க அப்பாவோடது. நான் பாத்து நம்பர் எழுதிக்கினேன், அவ்ளோதான்.” அருள்மொழி பின்னால் நின்றவனைப் பார்த்தாள். “அண்ணனா? ஒனக்கும் வேணுமா? மறியல் முடிஞ்சதும் மனு எழுதிக்கினு வா. இதையே காட்டு.”

“ரெண்டாந்தபாவும் செல்லுங்களா?” என்று அவன் கேட்டான்.

“ரெண்டா? நீங்க பத்துப் பேரு கூடப் பொறந்திருந்தாலும் செல்லும்யா.”

கொளஞ்சியப்பன் சுவரோரம் குந்திவிட்டான். துண்டை வாயில் வைத்து அடைத்துக்கொண்டும் அழுகை வெளியே வந்தது. செல்லமுத்து ஏதோ ஆறுதல் சொல்லப் போனார். பாய் அவர் கையைப் பிடித்து வெளியே கூட்டிக்கொண்டு போனார்.

பூமாலை அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“அண்ணா, ஒனக்கு முந்தி சீல் வெச்சிடணும்னுதான் நானும் ஒங்கிட்ட சொல்லாம வந்தேன்.”

“தெரியும்,” என்றான் அவன். “ஒன் அப்ளிகேசன் கூரையில சொருவி இருந்துச்சு. அன்னிக்கே பாத்துட்டேன். அதான் எடுத்தேன்.”

இருவருக்கும் ஒருவரையொருவர் பார்க்க முடியவில்லை. ஆபீசைப் பூட்ட வேண்டும் என்று அருள்மொழி இரண்டு முறை சொன்ன பிறகுதான் எழுந்தார்கள்.