கண்ணாடியில் இடது கை

இடது உள்ளங்கையில் நாலு நகமும் குத்திக்கொண்டிருந்தன. முழங்கைக்குக் கீழே தைத்து மூடிய தோல்தான், வேறொன்றும் கிடையாது. ஆனாலும் இல்லாத அந்தக் கை முஷ்டி பிடித்துக்கொண்டு தாவோனை மாசக்கணக்கில் வதைத்தது. பழைய இரும்புக்காக மண்ணைக் கிண்டிய இடத்தில், என்றோ நடந்த சண்டையில் வெடிக்காமல் புதைந்துபோன குண்டு வெடித்து மச்சினன் கம்பானைக் கொண்டுபோயிற்று. தாவோனை ஒரு கையோடு விட்டது.

வலி பழகிவிட்டது. பழகாதது வேறு. சாயங்காலமானால் மனைவி புவாவன் மூங்கில் கூடையில், உருட்டித் தின்னும் ஒட்டுச்சோறு எடுத்துக்கொண்டு, காலிக் குண்டுக் கூட்டைத் தொட்டியாக்கி நட்ட வெங்காயத்தாளைத் தாண்டிக் காட்டுப் பக்கம் போவாள். அவள் போன கொஞ்ச நேரத்தில், இல்லாத உள்ளங்கைக்குள் இளஞ்சூடாக, பிசுபிசுவென்று ஏதோ வந்து உட்காரும். விரல்கள் தாமாகவே அதை உருட்டும். அவள் திரும்பி வந்து கால் கழுவும்போது ஆறிப்போயிருக்கும்.

டவுன் வைத்திய மையத்துப் பெண் சிரித்தாள். "கை போனது மூளைக்கு இன்னும் தெரியலண்ணே. கண்ணை வச்சு அதை ஏமாத்தணும்." கண்ணாடி பதித்த மரப்பெட்டி ஒன்றைக் கொடுத்தாள். மொட்டைக் கையைக் கண்ணாடிக்குப் பின்னால் மறைத்து, வலது கையை முன்னால் வைத்தால், கண்ணாடியில் இடது கை முளைத்துவிடும். முதல்முறை வலது கையை விரித்தபோது இல்லாத முஷ்டியும் விரிந்தது. அன்றைக்கு அழுதுவிட்டான். பயிர் நடவுக்குள் வலி போய்விட்டால் மிச்சமிருக்கும் ஒரு கையாலேயே பிழைத்துக்கொள்ளலாம் என்று நம்பினான்.

இன்று மழை. கூரையில் துளி விழும் முன்பே அந்தக் கை நனைந்தது.

"என் கைய எங்கடி போட்டீங்க?"

"எந்தக் கை?"

"எனக்கென்ன பத்துக் கையா இருந்துச்சு?"

"கெடச்சா என்ன செய்யப் போறீங்க? மீன் ஜாடியில ஊறப்போடவா?"

"காட்டுக்கு யாருக்குச் சோறு கொண்டுபோற?"

மிளகாய் இடித்துக்கொண்டிருந்தவள் நிறுத்தினாள். "தம்பிக்கு. அவனுக்கு ரெண்டு கையுமே கெடைக்கலங்க. வெடிச்சுச் செத்தவனை எரிக்கவும் கூடாது. கையில்லாம புதைச்சா அலைவான்னாங்க. உங்க கை அங்க கெடந்துச்சு. அவன் பேரைச் சொல்லி நூல் கட்டிச் சவப்பெட்டியில வச்சேன்."

"என்னைக் கேட்டியா?"

"மயக்கத்துல கெடந்தவருகிட்ட என்னத்தக் கேக்க?" கூடையை எடுத்தாள். "அப்பவும் அவனுக்குப் பத்தல. ஒத்தக் கையால மீன் முள்ளு எடுக்க முடியலக்கான்னு கனவுல வந்து அழறான்."

மணிக்கட்டில் வெள்ளை நூல் கட்டி உயிரைக் கூப்பிட்டால் கட்டிய உடம்பிலேயே அது தங்கிவிடும். தாவோனின் வலது கையில் ஊரே கூடிக் கட்டிய நூல்கள் இருந்தன. இடது கைக்கு அவள் செத்தவன் பேரைச் சொல்லிவிட்டாள்.

அவள் மழையில் போனாள். விளக்கு எரியவில்லை; வாசல் வழியாக வந்த அந்தி வெளிச்சம் மட்டும் இருந்தது. ஈரப் புகையும் புளித்த மீன் வாடையும் வீட்டுக்குள் தேங்கி நின்றன. எல்லாம் மூளை செய்யும் வேலை என்று சொல்லிக்கொண்டு அவன் கண்ணாடிப் பெட்டியை இழுத்து, மொட்டைக் கையை மறைத்து, வலது கையை முன்னால் வைத்து மெதுவாக விரித்தான். கண்ணாடியில் இடது கை விரிந்தது.

அதன் நகங்களில் செம்மண்.

வலது கையைப் பார்த்தான். சுத்தமாக இருந்தது. ஒற்றைக் கை தன்னைத்தானே கழுவிக்கொள்ள முடியாது. மத்தியானம் புவாவன்தான் தேய்த்துவிட்டிருந்தாள்.

அசையாமல் வைத்துக்கொண்டான். உள்ளங்கையில் சூடு வந்தது. சோறு. கண்ணாடியில் விரல்கள் உருட்டத் தொடங்கின.

வலது கை சும்மா இருந்தது.

இல்லை. அதுவும் உருட்டியது. கண்ணாடிக் கைக்கு ஒரு கணம் பின்னால். அது செய்ததை இது செய்தது.

நிறுத்தப் பார்த்தான். நிற்கவில்லை. விரல் நுனி மரத்தது. பிறகு மணிக்கட்டு. நூல் கட்டிய இடம்வரை யாருடைய கையோ போலக் கிடந்தது.

கண்ணாடிக் கை சோற்றைக் கீழே போட்டது. விரல் மடக்கிக் கூப்பிட்டது. வலது கை எழுந்து போனது.

உள்ளங்கையோடு உள்ளங்கை. நடுவில் கண்ணாடி இல்லை. குளிர். ஈரமண்.

விரல்கள் கோத்துக்கொண்டு இறுகின.

கம்பானுக்கு இன்னும் ஒரு வலது கை பாக்கி.