இடப்பக்கத்துப் பாரம்

தாணுமாலையன் வீட்டுக்குப் பின்னாலிருந்த தகர ஷெட்டைத் திறந்தபோது பகல் பதினொரு மணி. மழை வரப்போகிற புழுக்கம். கரமனை ஆற்றுப் பக்கமிருந்து சேற்று வாடை வந்துகொண்டிருந்தது. துருவேறிய பூட்டு சாவியைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றது. எண்ணெய் விட்டுத் திருகித் திறப்பதற்குள் கை சோர்ந்துவிட்டது. அந்தக் கதவை அவர் தொட்டு ஒரு வருஷமும் ஏழு மாதமும் ஆகியிருந்தது.

உள்ளே தார்ப்பாய் மூடிக் கிடந்தது அவருடைய டிரெய்லர். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்பு ஒரு பழைய ஜீப் டிரெய்லரின் சேஸிஸை வாங்கி, அதன்மேல் பிளைவுட்டில் சின்ன அறை கட்டி, வெளியே அலுமினிய ஷீட் அடித்து, அவரே செய்தது. தொழிற்பயிற்சிக் கூடத்தில் லேத் சொல்லிக்கொடுக்கிற வாத்தியார் அவர். இரண்டு பேர் நீட்டிப் படுக்க ஒரு மெத்தை, பின்கதவைத் தூக்கினால் அடுப்பு வைக்க ஒரு பலகை. லீவு கிடைத்தால் போதும், அவரும் மனைவி ஜெயபாயும் அதை ஜீப்பில் மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். தென்மலை, மேகமலை, முட்டம் கடற்கரை என்று அந்த வண்டி போகாத இடமில்லை.

கடைசியாக ஒரு ஐப்பசியில் போணக்காடு போய்விட்டு வந்தார்கள். அதோடு சரி.

இப்போது ஜீப்பை விற்றுப் புதுக் கார் வாங்கியாகிவிட்டது. "சவத்த, எவ்வளவு நாள்தான் அத மூடியே வைப்பிய? நேராக்கி எடுத்தா ஓணத்துக்கு எங்கயாவது போலாம்லா?" என்று ஜெயபாய்தான் ஆரம்பித்தாள். அவர் சாக்குச் சொல்லிப் பார்த்தார். அவள் கேட்கவில்லை. பாலத்துக்குப் பக்கத்தில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கிற வள்ளியூர்க்காரன் தங்கபாண்டியை அவளே போய்க் கூட்டிவந்துவிட்டாள்.

தங்கபாண்டி தார்ப்பாயை இழுத்துப் போட்டான். குனிந்து பார்த்தான்.

"என்ன அண்ணாச்சி, வண்டி ஒரு பக்கமாச் சாய்ஞ்சு கெடக்கு?"

இடப்பக்கம் தாழ்ந்திருந்தது. டயரில் காற்று இருந்தது. ஸ்பிரிங் பட்டைகள் மட்டும் வளைவே இல்லாமல், தராசில் கனத்தை வைத்ததுபோல் நேராக அமுங்கியிருந்தன.

"பட்டை போயிருக்கும். மாத்திருவோம்," என்றான் அவன்.

தாணுமாலையன் கதவின் தாழ்ப்பாளை நீக்கினார். வெளிப்பக்கம் மட்டுமே உள்ள தாழ்ப்பாள். பூட்டிக் கிடந்த வண்டிக்குள்ளிருந்து வரவேண்டியது மக்கிய பஞ்சின் வாடை. வந்தது வேறு.

நனைந்த கம்பளி. பீடி.

இப்போதுதான் யாரோ நனைந்து வந்து உட்கார்ந்ததுபோல.

*

பிரித்துப் போடுகிற வேலை மூன்று நாள் நடந்தது. மெத்தையைத் தூக்கி எறிந்தார்கள். ரிவெட்டுகளை அறுத்து அலுமினிய ஷீட்டைக் கழற்றினார்கள். ஊறி உப்பியிருந்த பிளைவுட்டை ஒவ்வொன்றாக உரித்து ஷெட்டுச் சுவரில் சாய்த்து வைத்தார்கள். மூன்றாம் நாள் மத்தியானம் வெறும் இரும்புச் சட்டமும் இரண்டு சக்கரமும்தான் மிச்சம். பழைய ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டுப் புதுப் பட்டைகளைப் போட்டான் தங்கபாண்டி. ஜாக்கியை மெல்ல இறக்கினான்.

வலப்பக்கம் நிமிர்ந்து நின்றது.

இடப்பக்கம் கிறீச்சென்று ஒரு சத்தத்தோடு இறங்கியது.

இரண்டு பேரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். சட்டத்தின் மேல் ஒரு ஆணிகூட இல்லை.

"சேஸிஸ் முறுக்கியிருக்குமோ?" என்றான் தங்கபாண்டி. அவன் குரலில் உறுதி இல்லை. "எதுக்கும் ஒரு எடை போட்டுப் பாத்துருவோம் அண்ணாச்சி. இரும்பு சேஸிஸு எவ்வளவு இருக்கணும்?"

"நூத்தி அறுபது." செய்த நாளில் அவரே எடை போட்டது. மறக்கவில்லை.

காரில் மாட்டி எடைமேடைக்குக் கொண்டுபோனார்கள். காரைக் கழற்றி முன்னால் எடுத்துவிட்டு, சட்டத்தை மட்டும் மேடையில் நிறுத்தினார்கள். கண்ணாடிக் கூண்டுக்குள்ளிருந்த சஜி என்ற பையன் கணினித் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு ஜன்னலைத் தள்ளித் தலையை நீட்டினான்.

"சேட்டா, ஆளை எறங்கச் சொல்லு."

"எந்த ஆளை?"

"எடை நிக்கணில்லா. இருநூத்தி இருவது, இருநூத்திப் பத்து, பின்னேயும் இருவது. சரக்குன்னா எண் அனங்காம நிக்கும். ஆளு இருந்தாத்தான் இப்படி ஆடும்." சொல்லிக்கொண்டே மேடையை எட்டிப் பார்த்தான். வெறும் இரும்புச் சட்டம். மழைத்தூறல். அவன் முகம் மாறியது. ஜன்னலைச் சாத்திக்கொண்டான்.

தங்கபாண்டி மெல்லக் கணக்குப் போட்டான்.

"அறுபது கிலோ அண்ணாச்சி. ஒரு ஆளு எடை."

*

மறுநாள் பகல் இரண்டு மணிக்கே இருட்டிக்கொண்டு வந்தது. தகரத்தின் மேல் மழை கொட்டியது. தங்கபாண்டி கிரைண்டரால் துரு சுரண்டிக்கொண்டிருந்தான். தாணுமாலையன் புதுப் பலகைக்கு அளவெடுத்துக்கொண்டிருந்தார். ஜெயபாய் டீ கொண்டுவந்து வாசலில் நின்றாள். கிரைண்டர் ஓய்ந்தது.

டொக். டொக். டொக்.

விரல் முட்டியால் பலகையைத் தட்டுகிற சத்தம்.

தங்கபாண்டி சுவரில் சாய்த்திருந்த பழைய பிளைவுட்டைப் பார்த்தான். சத்தம் அங்கிருந்து வரவில்லை. சட்டத்தின் மேல், இடப்பக்கம், ஒரு ஆள் உட்கார்ந்தால் தோள் வருகிற உயரத்திலிருந்து வந்தது. அங்கே பலகை இல்லை. காற்றுதான் இருந்தது.

டொக் டொக் டொக் டொக்.

இப்போது அவசரமாக.

தங்கபாண்டி கிரைண்டரை அப்படியே போட்டுவிட்டு மழையில் இறங்கி நின்றான். செருப்பைக்கூட எடுக்கவில்லை. ஜெயபாய் அசையவில்லை. அவள் பார்த்தது சட்டத்தை அல்ல, கணவனின் முகத்தை. அவர் முகத்தில் ஆச்சரியம் இல்லை.

"இந்தச் சத்தத்த நீங்க முன்னாடியே கேட்டிருக்கிய," என்றாள்.

அவர் அளவு நாடாவைக் கீழே வைத்தார்.

"அந்தப் பெரியவரு ஜெயா."

எந்தப் பெரியவர் என்று அவள் கேட்கவில்லை. அந்த ஐப்பசியில் போணக்காட்டிலிருந்து இறங்கும்போது இதே மாதிரி மழை. வளைவில் ஒரு ஆள் கம்பளியைத் தலையில் போட்டுக்கொண்டு, பீடியும் கையுமாக நின்றிருந்தார். அறுபது வயசிருக்கும். எஸ்டேட்டுத் தமிழ் ஆள். "பஸ்சு வரலீங்க. வித்துரா சந்தையில எறக்கிவிட்டாப் போதும்," என்றார். ஜீப்பின் பின்சீட் முழுக்க ஈரக் கூடாரமும் பாத்திரமும். அதனால் டிரெய்லருக்குள் ஏற்றிக்கொண்டார்கள். வித்துரா வந்து பார்த்தபோது உள்ளே ஆள் இல்லை. மெத்தை மட்டும் ஆள் உட்கார்ந்த இடத்தில் நனைந்திருந்தது. தாழ்ப்பாள் போட மறந்துவிட்டேன், வழியில் எங்கேயோ குதித்துவிட்டார் போல என்று தாணுமாலையன் சொன்னார். அவள் நம்பினாள்.

"நான் மறக்கல," என்றார் இப்போது. "நல்லா இழுத்துப் போட்டேன். நான் தொறக்கும்போதும் போட்டபடியேதான் இருந்துச்சு."

மழை கொட்டிக்கொண்டிருந்தது.

"வழியில தட்டினாரு. நீ தூங்கிட்டிருந்த. எனக்குக் கேட்டுச்சு. ஒரு இடத்துல மரம் விழுந்து கெடந்துச்சு, மண்ணு சரியுது, நிறுத்தப் பயந்தேன். பத்து நிமிஷத்துல வித்துராதானேன்னு நெனச்சேன். தட்டிக்கிட்டே வந்தாரு. அப்புறம் நின்னுபோச்சு."

ஜெயபாய் டீ டம்ளர்களைத் தரையில் வைத்தாள். ஒன்று கவிழ்ந்தது.

"ஒரு மனுசன உள்ள போட்டுப் பூட்டிட்டு, தட்டத் தட்ட ஓட்டிட்டு வந்திருக்கிய. எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல."

"பேப்பர்ல ஒரு மாசம் பாத்தேன் ஜெயா. எங்கயும் ஒண்ணும் வரல. ஆளே இல்லாதப்ப யாருகிட்டப் போய் என்னன்னு சொல்ல?"

அவள் சட்டத்தின் இடப்பக்கத்தைப் பார்த்தாள்.

"அவரு இன்னும் வித்துரா போய்ச் சேரலைல்லா," என்றாள் கடைசியில். "கொண்டுபோய் எறக்கி விடணும்."

"நாளைக்கே போவோம்."

"எப்படி? வெறும் கம்பியில வெச்சா கொண்டுபோவிய? மழ பெய்யுது. மொதல்ல செவுரு அடிங்க."

*

அதற்குப் பிறகு அந்த வேலை வேறு வேலையாகிவிட்டது. தங்கபாண்டி வரமாட்டேன் என்றுதான் சொன்னான். ஜெயபாய் நேரில் போய்க் கேட்டதால் வந்தான். பகல் வெளிச்சத்தில் மட்டும் வேலை செய்தான். வலப்பக்கத்தை மட்டும் தொட்டான். இடப்பக்கம் முழுவதையும் தாணுமாலையனே செய்தார். தண்ணீர் ஏறாத பிளைவுட், நடுவில் சூட்டைத் தடுக்கும் தெர்மோகோல், புது அலுமினிய ஷீட். முன்பு ஜன்னலே இல்லாத இடத்தில் திறந்து மூடும் ஜன்னல் ஒன்று. கூரையில் காற்றுப்போக்கி. உள்ளே ஒரு விளக்கு.

கதவுக்கு உள்பக்கமும் ஒரு கைப்பிடி வைக்கச் சொன்னார்.

"உள்ளருந்து தொறக்கதுக்கா அண்ணாச்சி?"

"ஆமா."

தங்கபாண்டி கைப்பிடியைப் பொருத்திவிட்டுக் கருவிகளைச் சாக்கில் கட்டிக்கொண்டு போனவன்தான், திரும்பி வரவில்லை. பட்டறைப் பக்கம் அவரைப் பார்த்தாலும் கும்பிட்டுவிட்டு உள்ளே போய்விடுவான்.

வேலை நடந்த நாட்களில் தட்டுகிற சத்தம் வரவில்லை. ஆனால் தாணுமாலையன் இடப்பக்கம் குனிந்து திருகாணி முடுக்கும்போதெல்லாம், யாரோ வழிவிட்டு நகர்ந்து உட்கார்வதுபோல, ஸ்பிரிங் ஒருமுறை முனகும்.

*

ஆடி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை கிளம்பினார்கள். போணக்காட்டுச் சாலையில் அந்த வளைவு வரை ஏறி, அங்கே வண்டியைத் திருப்பினார்கள். பத்தரை மணிதான். ஆனாலும் மலை முழுக்க மேகம் இறங்கி, முகப்பு விளக்கில்லாமல் பாதை தெரியவில்லை. கண்ணாடியை இறக்கிவைத்துக்கொண்டே ஓட்டினார் தாணுமாலையன். தட்டினால் கேட்க வேண்டுமே.

மரம் விழுந்த இடம் வந்தது. அவர் வண்டியை நிறுத்தினார். இறங்கிப் போய் டிரெய்லரின் சுவரில் வாயை வைத்து, "எறங்கணுமாங்க?" என்று கேட்டார்.

உள்ளே யாரோ மூக்கை உறிஞ்சியதுபோல் இருந்தது. மழையாகவும் இருக்கலாம்.

வித்துரா சந்தையில் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். மீன்காரர்கள், குடைகள், பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள். யாரும் இவர்களைக் கவனிக்கவில்லை. இரண்டு பேரும் டிரெய்லருக்குப் பக்கத்தில் போய் நின்றார்கள். தாணுமாலையன் வெளித் தாழ்ப்பாளை நீக்கினார். கதவைத் திறக்கவில்லை.

"வித்துரா வந்தாச்சுங்க," என்றார். "அன்னைக்கு நிறுத்தாமப் போனது தப்புதான். மன்னிச்சிருங்க."

ஒரு நிமிஷம் ஒன்றும் நடக்கவில்லை.

பிறகு உள்பக்கத்துக் கைப்பிடி திரும்புகிற சத்தம் கேட்டது.

கதவு ஒரு சாண் திறந்தது. ஈரக் கம்பளி வாடை ஜெயபாயின் முகத்தை உரசிக்கொண்டு போனது. அவள் கண்ணை மூடிக்கொண்டாள். டிரெய்லரின் இடப்பக்கம் மெதுவாக, ஒரு பெருமூச்சுபோல, மேலே எழும்பி வலப்பக்கத்தோடு சமமாக நின்றது.

தாணுமாலையன் தரையில் உட்கார்ந்து ஸ்பிரிங்கைத் தொட்டுப் பார்த்தார். பட்டைகள் வில்லாக வளைந்திருந்தன. அவர் அழுதார். ஜெயபாய் அவர் தோளைப் பிடித்துத் தூக்கினாள். "போதும் எந்திரிங்க. ஆளுவ பாக்காவ," என்றாள். அவள் குரலிலும் அழுகை இருந்தது. எதிர்க்கடையில் ஆளுக்கொரு சாயா குடித்தார்கள். ஒரு வருஷத்துக்கும் மேலாக அவர் இப்படி ஒரு சாயாவை ருசித்துக் குடித்ததில்லை.

"ஓணத்துக்கு மேகமலை போவோமா?" என்று கேட்டார்.

"போலாமே," என்றாள்.

மழை வலுத்தது. ஓடிப்போய்க் காரில் ஏறினார்கள். இரண்டு பேரும் பெல்ட் மாட்டிக்கொண்டார்கள். வண்டி சந்தையைத் தாண்டி நெடுமங்காடு சாலையில் ஏறியது. பின்னால் டிரெய்லர் இறகுபோல் லேசாக வந்தது.

டிங். டிங். டிங்.

முன்னால் கருவிப் பலகையில் ஒரு சிவப்பு விளக்கு மின்னியது. பெல்ட் போடாத ஆளின் படம்.

"உங்க பெல்ட்டு சரியா மாட்டலியா?" என்றாள் ஜெயபாய்.

"மாட்டியிருக்கு."

"எனக்கும் மாட்டியிருக்கு."

அவர் விளக்கை உற்றுப் பார்த்தார். மின்னியது முன்சீட் அல்ல. பின்சீட், இடப்பக்கம்.

"பையப் பின்னாடி வெச்சியா?"

"பை டிக்கில இருக்கு."

டிங். டிங். டிங்.

அவர் வேகத்தைக் குறைத்தார். கண்ணாடியில் பார்க்கப் பயமாக இருந்தது. பார்த்தார். சீட் காலியாகத்தான் இருந்தது. காருக்குள் பீடி வாடை வந்தது.

ஜெயபாய் தன் பெல்ட்டைக் கழற்றினாள். சீட்டில் முழங்காலிட்டுத் திரும்பி, பின்னால் கையை நீட்டி, இடப்பக்கத்துப் பெல்ட்டை இழுத்தாள். வழக்கத்தைவிட நீளமாக இழுக்க வேண்டியிருந்தது. குத்துமதிப்பாக அதைச் சுற்றிக் கொண்டுபோய் மாட்டினாள்.

கிளிக்.

பின்சீட் விளக்கு அணைந்தது. அவள் திரும்பி உட்கார்ந்து தன் பெல்ட்டை மாட்டியதும் சத்தம் நின்றது. கைகளை மடியில் வைத்துக்கொண்டாள்.

தாணுமாலையன் இன்னொரு முறை கண்ணாடியைப் பார்த்தார். பெல்ட் சீட்டோடு ஒட்டிக் கிடக்கவில்லை. ஒரு முழம் முன்தள்ளி, எதன்மீதோ சாய்வாகப் படிந்து, வெறும் காற்றில் வளைந்து நின்றது.

மெல்ல அது எழுந்து தாழ்ந்தது. மறுபடியும் எழுந்தது.