நிறுத்தக் கூடாத இருபது நிமிடம்

எஞ்சின் சூடாக இருந்தது. கோளாறு அங்கேதான் தொடங்கியது.

பிப்ரவரி மாதம். மிச்சிகன் ஏரிக் காற்று கதவிடுக்கில் விசிலடிக்கும் கராஜ், எரிவாயு தீர்ந்து முந்தின நாளே செத்துப்போன ஹீட்டர், பெஞ்சின் மேல் ஆடை கட்டி உறைந்துகிடக்கும் காபி. இத்தனைக்கும் நடுவே, ஸ்டாண்டில் தொங்கிய அந்த இரும்பு மலைமீது டுவெய்ன் ஹோக்ஸ்ட்ரா உள்ளங்கையை வைத்தபோது, படுத்திருந்து எழுந்த மாட்டின் விலாவைத் தொட்டதுபோல் இருந்தது. ஒரு பொட்டு பெட்ரோல்கூட இன்னும் அதற்குள் போகவில்லை. கையை ஜீன்ஸில் துடைத்துக்கொண்டு மறுபடி தொட்டான். சூடுதான். வெயில் பட்டிருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். அந்தப் பக்கம் ஜன்னலே கிடையாது.

எங்கள் தெருவில் டுவெய்னைப் பற்றிப் பேச யாரும் குரலைத் தாழ்த்துவதில்லை. ஓடிக்கொண்டிருந்த காரைப் பிரித்துப்போட்டவன் என்றால் தபால்காரருக்கும் புரியும். கல்யாணத்துக்கு முன்னால் மார்லிஸை உட்காரவைத்து ஊரெல்லாம் சுற்றிய அறுபத்தேழாம் வருஷத்து ஷெவல் அது. போன இலையுதிர் காலத்தில், அவளுடைய நுரையீரலுக்கு இனி செய்ய ஒன்றுமில்லை என்று டாக்டர்கள் கைவிரித்தபோது, அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்: அந்தக் காரில் ஒரு தடவை ஏரிக்கரைக்குப் போக வேண்டும்.

கார் அன்றைக்கு ஓடிக்கொண்டுதான் இருந்தது. சின்ன ஆறு சிலிண்டர் எஞ்சின். கொஞ்சம் இருமும், ஆனால் ஓடும். போர்வையைச் சுற்றி அவளைத் தூக்கி உட்காரவைத்துச் சாவியைத் திருப்பியிருந்தால் தீர்ந்தது விஷயம். வேறு எந்தப் புருஷனும் அதைத்தான் செய்திருப்பான். டுவெய்ன் மாதிரி ஆட்களுக்கு அப்படிச் செய்ய வராது. மார்லிஸின் கடைசிச் சவாரிக்கு இந்த இருமல் எஞ்சினா? மறுநாளே பானெட்டைக் கழற்றினான். வடக்கே எங்கேயோ புதர் மண்டிக் கிடந்த ஒரு பழைய வண்டியிலிருந்து, ஷெவலின் முன்பக்கத்தையே அடைத்துக்கொள்ளும் பெரிய எட்டு சிலிண்டர் வி-எட்டு எஞ்சினை இறக்கிக்கொண்டு வந்தான். இலை உதிர்ந்தது. பனி விழுந்தது. கார் கட்டைகள் மேல் நின்றது. மார்லிஸை முன்னறைக்கு மாற்றி, ஆக்சிஜன் மெஷினைப் பக்கத்தில் வைத்தார்கள்.

அவளைப் பார்த்துக்கொள்ள வந்திருந்த அவளுடைய அக்கா பெர்னிஸ், கராஜ் கதவில் வந்து நின்றாள்.

"சர்ச்சுக்கும் வரல. பொண்டாட்டி பக்கத்துலயும் உக்காரல. அப்படி என்னத்தப் புடுங்கற இங்க?"

"நாளைக்கு எஞ்சின் உள்ள இறங்கிடும், பெர்னிஸ்."

"நவம்பர்ல, தேங்க்ஸ்கிவிங் அப்பவும் இதேதான் சொன்ன. நர்ஸ் என்ன சொல்லிட்டுப் போனா தெரியுமா? இன்னைக்கோ நாளைக்கோன்னு. போயி அவ மூஞ்சியப் பாரு. உன் ஸ்பானர் எங்கயும் ஓடிப்போயிடாது."

போய்ப் பார்த்தான். அறை முழுக்கக் கற்பூரத் தைல வாசனை. மூச்சை இழுப்பாள், நடுவில் ஒரு தடுக்கல், பிறகு விடுவாள், விட்டு முடிக்கையில் தொண்டையில் 'ம்' என்று ஒரு சின்ன முனகல். முப்பத்தெட்டு வருஷக் கல்யாணத்தில் அவன் காது கொடுத்துக் கேட்ட முதல் சத்தம் அதுவாகத்தான் இருக்கும்.

"எண்ணெய் நாத்தம் அடிக்குது உம்மேல," என்றாள் மார்லிஸ். சிரிக்கப் பார்த்தாள். "கராஜ்லேருந்து என்னை எதுக்கு அத்தனை தடவை கூப்பிட்ட?"

அவன் கூப்பிடவில்லை. போர்வையை இழுத்துவிட்டான்.

மறுநாள் செயின் பிளாக்கில் எஞ்சினைத் தூக்கிக் காருக்குள் இறக்க கிளின்ட் வாண்டர்வீன் வந்தான். அடுத்த தெருக்காரன், டீசல் மெக்கானிக், வாய் ஓயாத ஆள்.

"இத்தன பெருசா எதுக்குடா? ஏரிக்குப் போகவா, நிலாவுக்குப் போகவா?"

"பேசாம சங்கிலியப் புடி."

"உம் பொண்டாட்டிக்கு உன்னைவிடப் பொறுமை ஜாஸ்திடா. என் பொண்டாட்டியா இருந்தா உன்னையும் இதுக்குள்ள போட்டு மூடியிருப்பா."

எஞ்சின் தன் தாங்கிகளில் உட்கார்ந்தது. கியர்பாக்ஸைக் கோத்து, காரைக் கட்டைகளிலிருந்து சக்கரங்களில் இறக்கினார்கள். எல்லாம் சுதந்திரமாகச் சுழல்கிறதா என்று பார்க்க, கிளின்ட் நீள ஸ்பானரை மாட்டி மெதுவாகச் சுற்றினான். பாதிச் சுற்றில் நின்றது. எதிர்த்தது. பிறகு ஸ்பானரை அவன் கையோடு பின்னுக்குத் தள்ளியது.

கிளின்ட் பேச்சை நிறுத்தினான். அதுவே ஊருக்கு அதிசயம்.

"ஸ்பார்க் பிளக் மாட்டியிருக்கியா?"

"இல்ல. எல்லா ஓட்டையும் திறந்துதான் கிடக்கு."

"திறந்து கிடந்தா காத்து வெளிய போயிடணுமேடா. எது திருப்பித் தள்ளுது?"

ஒரு பிளக் ஓட்டையருகே குனிந்து முகர்ந்தான் டுவெய்ன். புது எண்ணெய் வாசனை. அதற்கடியில், மெல்லியதாக, கற்பூரத் தைலம். தன் சட்டையில் ஒட்டியிருந்ததாக இருக்கும். அப்படித்தான் இருக்க வேண்டும். பிளக்குகளை ஒவ்வொன்றாகத் திருகி ஓட்டைகளை மூடினான், அவசரமாக, வாயைப் பொத்துகிறவன் மாதிரி.

இந்த வகைப் பழைய எஞ்சினில், வால்வுகளைத் திறந்து மூடும் கேம் ஷாஃப்ட்டைப் புதிதாகப் போட்டால் ஒரு சட்டம் உண்டு. முதல் தடவை உயிர் வந்ததும் இருபது நிமிடம் அதை நிமிடத்துக்கு இரண்டாயிரம் சுற்றுக்குக் கீழே இறங்க விடக் கூடாது. நிறுத்தவே கூடாது. கேமும் அதன்மேல் உரசும் லிஃப்டர்களும் ஒன்றோடொன்று பழகிக்கொள்கிற நேரம் அது. பாதியில் விட்டால் இரும்பு இரும்பைத் தின்று தூளாகி, எண்ணெயில் கலந்து, மொத்த எஞ்சினையும் அரித்துவிடும். எங்கள் ஊர்க் கார்ப் பைத்தியங்கள், வீடு பற்றிக்கொண்டால்கூட இந்த இருபது நிமிடத்தை முடித்துவிட்டுத்தான் தீயணைப்பு வண்டியைக் கூப்பிடுவார்கள்.

சாயங்காலம் இருட்டிக்கொண்டு வந்தபோது கதவைப் பாதி தூக்கிவைத்துச் சாவியைத் திருப்பினான்.

முதல் திருப்பிலேயே பிடித்தது. பெஞ்சில் இருந்த நட்டுகள் குதித்தன, கூரைப் பனி சரிந்து விழுந்தது, எதிர்வீட்டு நாய் ஊளையிட்டது. டுவெய்ன் சிரித்தான். எஞ்சினருகே வந்து, ஆக்சிலரேட்டர் கம்பியைக் கையால் இழுத்துப் பிடித்தபடி சிரித்துக்கொண்டே அழுதான். நாளைக் காலையிலேயே அவளைக் கூட்டிப் போய்விடலாம். தாமதமாகிவிடவில்லை.

உள்ளே எங்கோ ஏதோ உரசியது. கிளின்ட் நீளத் திருப்புளியை எடுத்தான், முனையை எஞ்சினில் ஊன்றி, பிடியைக் காதில் வைத்தான். சத்தம் எங்கிருந்து வருகிறதென்று மெக்கானிக்குகள் கண்டுபிடிக்கும் வழி அது. கேட்டான். இடம் மாற்றிவைத்துக் கேட்டான். நிமிர்ந்து, வீட்டுச் சுவரைப் பார்த்தான்.

"நிறுத்துடா."

"கிறுக்கா உனக்கு? இப்பத்தான் ஆரம்பிச்சிருக்கு."

"டுவெய்ன், சொல்றேன்ல. நிறுத்து."

"கேம் போயிடும்டா!"

கிளின்ட் திருப்புளியை அவன் கையில் திணித்தான். தூக்கிய கதவுக்கடியில் குனிந்து, ஜாக்கெட்டைக்கூட எடுக்காமல், பனியில் வழுக்கி வழுக்கி ஓடினான்.

டுவெய்ன் காதில் வைத்தான்.

வால்வுகளின் தடதடப்பு. எண்ணெய் ஓடும் சலசலப்பு. அதற்கும் பின்னால், அறைக்குள் அறையாக ஓர் அமைதி. அந்த அமைதியில், ஓர் இழுப்பு. நடுவில் ஒரு தடுக்கல். பிறகு விடுதல். கடைசியில், 'ம்'.

இடம் மாற்றினான். அங்கேயும். அடுத்த சிலிண்டரிலும். எட்டிலும்.

பக்கக் கதவு திறந்தது. பெர்னிஸ். தலைமுடி கலைந்திருந்தது.

"போயிட்டா." கத்த வேண்டியிருந்தது அவளுக்கு. "மார்லிஸ் போயிட்டா, டுவெய்ன். மெஷினை நான்தான் அணைச்சேன். இந்த எழவை நிறுத்திட்டு உள்ள வா!"

"போகல." அவன் குரல் அவனுக்கே கேட்கவில்லை. "இங்க கேளு. இந்தா, கேட்டுப் பாரு."

பெர்னிஸ் அவனைப் பார்த்த பார்வையில் வெறுப்புகூட இல்லை. திரும்பிப் போனாள்.

பிறகு அலறல். எஞ்சின் இரைச்சலையும் கிழித்துக்கொண்டு.

கார்புரேட்டர் திருகை உள்ளே திருகினான். கம்பியிலிருந்து கையை எடுத்தாலும் வேகம் குறையாது. ஓடினான்.

பெர்னிஸ் சுவரோரம் ஒண்டி, தலையணையை மார்போடு அணைத்து நின்றாள். ஆக்சிஜன் மெஷின் அணைந்திருந்தது.

மார்லிஸ் உட்கார்ந்திருந்தாள்.

முதுகு நிமிர்ந்து. வாய் திறந்து. மார்பு ஏறி இறங்கவில்லை, அதிர்ந்தது. கண்ணால் பிரிக்க முடியாத வேகத்தில், இரவு உடையின் பூக்கள் எல்லாம் கலங்கிப்போகிற அளவுக்கு. அந்த வாயிலிருந்து புகை. வெள்ளையாக. பெட்ரோல் வாசனை.

கராஜில் எஞ்சின் ஒரு தரம் தடுக்கியது. அவள் துணிபோல் சரிந்தாள். எஞ்சின் பிடித்துக்கொண்டது. நிமிர்ந்தாள்.

கண்கள் மட்டும் அவளுடையவை. அவன்மேல் இருந்தன. உதடுகள் அசைந்தன.

"நி... று... த்து..."

"மாட்டேன்," என்றான். "மாட்டேன், கண்ணு. கெட்டுப்போயிடும்."

போர்வையைச் சுற்றி அவளைத் தூக்கினான். கனமே இல்லை. தேனீக் கூட்டைத் தூக்குவதுபோல் கையெல்லாம் அதிர்ந்தது. முன் சீட்டில் வைத்தான். பெல்ட்டைப் போட்டான். கராஜ் கதவை முழுக்க மேலே தள்ளினான். பானெட் இல்லாத கார் பனியில் பாய்ந்தது. நாங்கள் திரைச்சீலைகளை ஒதுக்கிப் பார்த்தோம். பக்கத்துக் கண்ணாடியில் அவள் மூச்சு படிந்தது, விலகவேயில்லை. சிவப்பு விளக்குகளில் அவன் நிற்கவில்லை.

ஏரிக்கரையில் ஒரு மனிதர் இல்லை. அடிவானம் வரை பனிக்கட்டி. கியரை விடுவித்தான். வழிக் குலுக்கலில் கார்புரேட்டர் திருகு தளர்ந்திருந்தது; எடுத்தால் எஞ்சின் அணைந்துவிடும் என்று கால் ஆக்சிலரேட்டரிலேயே இருந்தது.

"பாரு, மார்லிஸ். ஏரி. கூட்டிட்டு வந்துட்டேன்ல?"

அவள் ஏரியைப் பார்க்கவில்லை.

பெட்ரோல் முள் சிவப்புக் கோட்டைத் தொட்டது. தாண்டியது.

போர்வைக்குள்ளிருந்து அவள் கை வெளியே வந்தது. அதிர்ந்துகொண்டே, மெதுவாக, அவன் முழங்காலுக்குக் கீழே நுழைந்தது. இறுகப் பிடித்தது. ஆக்சிலரேட்டரிலிருந்து அவன் காலை மேலே தூக்கியது. அவன் அழுதுகொண்டே, ஒரு கையால் அவள் விரல்களைப் பிரித்தபடி, மிதித்துக்கொண்டிருந்தான்.