வலப்பக்கம் ஐந்தாம் தொட்டி

காலை பத்து மணிக்கு அந்த மரப்பெட்டி வந்து இறங்கியது. ஆறு பேர் தூக்கிவந்து கப்பல் கம்பெனியின் வரவேற்புக் கூடத்தில் வைத்தார்கள். பலகைகளைக் கழற்றியதும், நானூறு மீட்டர் கப்பல் நாலு மீட்டராகச் சுருங்கி நின்றது. மூக்குக்கண்ணாடிக் கூடு அளவில் கண்டெய்னர்கள், நூல் போன்ற கம்பிகள், நகத்தளவு ஜன்னல்கள். மாடியிலிருந்து இறங்கிவந்தவர்களெல்லாம் வாயைப் பிளந்து பார்த்தார்கள்.

சரிபார்க்க சீஃபைக் கூப்பிட்டார்கள். அந்தக் கப்பலில் கேப்டனுக்கு அடுத்த அதிகாரியாக இருந்தவர் அவர். கரைக்கு வந்து நாலு வருஷமாகியும் எல்லோருக்கும் அவர் சீஃப்தான். இப்போது புதிதாகக் கப்பலேறுபவர்களுக்குப் பாதுகாப்பு வகுப்பு எடுக்கிறார். நன்றாகவே எடுப்பார் என்று பெயர்.

மாடலைச் செய்த பெண் பசைக்குப்பியும் இடுக்கியுமாகக் குனிந்திருந்தாள்.

"எல்லாம் வரைபடத்துல இருக்கறபடியே பண்ணியிருக்கேன் சார். ஒரே ஒரு மூடிதான் படுத்துது. பட்டறையிலயே மூணு தடவை ஒட்டிட்டேன். காலைல வந்து பார்த்தா கழண்டு பக்கத்துல கிடக்குது."

"எந்த மூடி?"

கேட்கும்போதே சீஃபுக்குத் தெரிந்துவிட்டது. அவள் இடுக்கியால் காட்டினாள். வலப்பக்கம், தளத்தின் ஓரம். சட்டைப் பொத்தானைவிடச் சிறிய வட்ட மூடி. ஐந்தாம் தொட்டி.

"உள்ள என்ன இருக்கு?" அவர் குரல் இறங்கிவிட்டது.

"ஒண்ணுமில்ல சார். மரச்சட்டம், மேல ஃபைபர். உள்ள வெறும் காத்துதான்."

காத்து. அன்று அவரும் அதைத்தான் சொன்னார்.

பெரிய கப்பல்களில், ஆடாமல் நிற்பதற்காகக் கடல்நீர் நிரப்பும் தொட்டிகள் உண்டு. நாலு வருஷத்துக்கு முன், அந்தக் கப்பல் கிளம்பும் நாளன்று, கழுவி முடித்த ஐந்தாம் தொட்டிக்குள் யாரோ ஒரு விளக்கை விட்டுவிட்டு வந்திருந்தார்கள். எதிரே வந்த மாலுமியிடம், "போய் எடுத்துட்டு வந்துடு" என்றார் சீஃப். எல்லோரையும் மச்சான் மச்சான் என்று கூப்பிட்டு, தானும் மச்சான் என்றே பெயர் வாங்கிய ஆள். இறங்குவதற்கு எழுத்தில் அனுமதி வேண்டும், வாசலில் ஒருவர் காவல் நிற்க வேண்டும். "ரெண்டு நிமிஷ வேலைக்கு எதுக்கு?" என்று சீஃப்தான் சொன்னார். மச்சான் சிரித்துக்கொண்டே ஏணியில் இறங்கினான்.

பிறகு போன் வந்தது. அதற்குப் பிறகு இன்னொன்று. மூடிகளை மூடச் சொன்னார். தண்ணீரைத் திறந்தார். சற்று நேரத்தில் வாக்கிடாக்கியில் ஒரு குரல்: "சீஃப், அஞ்சாவதுல என்னமோ தட்டுற சத்தம் கேக்குது."

"குழாயில காத்து அடைச்சிருக்கும். நேரமாச்சு, விடு."

தட்டல் இருபது நிமிஷம் கேட்டது. அது நின்ற பிறகுதான் அவருக்கு மச்சானின் ஞாபகம் வந்தது.

அனுமதியில்லாமல் தன்னிச்சையாக இறங்கினான் என்று அறிக்கை எழுதினார். கேப்டன் கையெழுத்துப் போட்டார். விசாரணை மூன்றே நாளில் முடிந்தது.

மதியம் எல்லோரும் சாப்பிடப் போனார்கள். மாடல்காரப் பெண்ணும் கையைத் துடைத்துக்கொண்டு போனாள். கண்ணாடிச் சுவர் வழியாக வெயில் கூடம் முழுக்க விழுந்துகிடந்தது. வெளியே வண்டிகள் போய்வந்துகொண்டிருந்தன. பயப்பட ஒன்றுமே இல்லாத இடம்.

முதலில் வாடைதான் வந்தது. துருவும் சேறும் தேங்கிய உப்புத்தண்ணீரும் கலந்த வாடை. மூடியைத் திறந்து மச்சானை வெளியே தூக்கிய அன்று மூக்கில் ஏறியது, சோப்புப் போட்டும் போகாதது.

சீஃப் குனிந்தார். மூடி மறுபடி கழன்று கிடந்தது. மிளகு நுழையும் அளவு ஓட்டை. உள்ளே இருட்டு.

அந்த இருட்டு மினுங்கியது.

தண்ணீர்.

டொக். டொக்.

நகத்தால் சுண்டுவது போலச் சின்ன சத்தம். ஓட்டையின் விளிம்புவரை தண்ணீர் ஏறி நடுங்கியது. அவர் காதை அருகே கொண்டுபோனார். இரும்புக்குள்ளிருந்து, வெகு ஆழத்திலிருந்து, மூச்சு வாங்கும் குரல்.

"சீஃப்... திறங்க சீஃப்..."

வாசலில் காலடி கேட்டது. சாப்பிட்டுவிட்டு யாரோ திரும்பி வருகிறார்கள்.

சீஃப் யோசிக்கவில்லை. மூடியை எடுத்து ஓட்டையில் வைத்துக் கட்டைவிரலால் அழுத்தினார்.

விரலுக்கடியில் தட்டினான்.

விடாமல் தட்டினான்.

அவர் அழுத்திக்கொண்டே நின்றார், அது ஓயும்வரை. ஓய்ந்த பிறகுதான் தான் என்ன செய்தோம் என்பது அவருக்கு உறைத்தது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"சார், என்னாச்சு?" மாடல்காரப் பெண் ஓடிவந்தாள். "ஐயோ, தரையெல்லாம் ஏன் ஈரம்?"

அன்று பிற்பகல் சீஃப் மூன்று பக்கம் எழுதினார். எதையும் விடவில்லை. ஒரு பிரதியை விசாரணை அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டு, இன்னொன்றை டைரக்டர் மேஜையில் வைத்தார்.

"முடிஞ்சுபோனதை எதுக்கு சீஃப் இப்பக் கிளறுறீங்க?"

"முடியல சார்" என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே வந்தார்.

சாயங்காலம், மச்சானின் மனைவி குடியிருக்கும் கட்டடத்தின் மூன்றாம் மாடிக்கு ஏறினார். மருந்துக்கடையில் வேலை செய்பவள். அப்போதுதான் வீடு திரும்பியிருந்தாள், தோள்பையைக்கூட இறக்கவில்லை. வாசலில் நின்றபடியே எல்லாவற்றையும் கேட்டாள்.

"அப்பா சொல் பேச்சுக் கேக்காமப் போய் செத்தாருன்னுதான் என் பொண்ணுகிட்ட சொல்லி வச்சிருக்கேன்" என்றாள். "நாலு வருஷமா அவளும் அதைத்தான் நம்பிட்டு இருக்கா."

அவள் தோள்பையை இறக்கிக் கீழே வைத்தாள்.

"தட்டினாரா?"

"ஆமாம்மா."

"எவ்வளவு நேரம்?"

பொய் சொல்ல நாக்கு துடித்தது. "இருபது நிமிஷம்."

ஏதாவது சொல்வாள் என்று காத்திருந்தவர், அவள் பார்வை தன்மேல் இல்லை என்பதைக் கவனித்தார். அவருக்குப் பின்னால், படிக்கட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

திரும்பிப் பார்த்தார். யாருமில்லை. ஆனால் கீழிருந்து ஒவ்வொரு படியிலும், அவருடைய காய்ந்த செருப்புத்தடத்துக்குப் பக்கத்தில், சேறு அப்பிய பூட்ஸ் தடம். அவருக்குச் சமமாக ஏறிவந்து, அவருக்குப் பக்கத்தில் நின்றிருந்தது.

அவர் பார்க்கப் பார்க்க, வாசற்படிக்கு அந்தப் பக்கம், வீட்டுக்குள், இன்னொரு ஈரத்தடம் பதிந்தது.

அவள் உடம்பை ஒதுக்கி வழிவிட்டாள். பிறகு, சீஃபின் முகத்தைப் பார்க்காமலேயே, கதவை மெல்லச் சாத்தினாள்.